சிஎஸ்ஆர் நிதி: அந்த 5 சதவீதம் யாருக்கானது?

"நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, சட்டம் அப்படி." சிஎஸ்ஆர் நிதி, அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்குச் சட்டப்படி செலவிட வேண்டிய பணம், கேட்டுப் போகிற சிறு தொண்டு அமைப்புகளிடம் அடிக்கடி சொல்லப்படும் வாக்கியம் இது. இதைக் கேட்டதும் ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்தையும் கணக்கரின் சம்பளத்தையும் பட்ஜெட்டிலிருந்து வெட்டிவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் மேற்பார்வைக்கு ஆளில்லாமல் திட்டம் தள்ளாடுகிறது, பில்கள் ஒரு பையில் குவிந்து கிடக்கின்றன, அடுத்த தவணை வருவதில்லை.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அந்த 5 சதவீத வரம்பு நிதி தரும் கம்பெனிக்கு. தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்த ஆகும் பொதுச் செலவை அந்த ஆண்டின் மொத்த சிஎஸ்ஆர் செலவில் 5 சதவீதத்துக்கு மேல் கம்பெனி காட்டக் கூடாது. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க, மதிப்பிட நேரடியாக ஆகும் செலவு இந்த வரம்புக்குள் வராது என்று விதியின் வரையறையிலேயே இருக்கிறது. ஒரு கம்பெனி தன் கொள்கையாகக் குறைந்த வரம்பு வைத்துக்கொள்ளலாம், அது அவர்கள் உரிமை. ஆனால் கொள்கை என்றால் பேசிப் பார்க்க இடமுண்டு. அதனால்தான் விதியைப் படித்துவிட்டுப் போக வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். கம்பெனி கேட்கும் தாள்களில் பெரும்பாலானவை யாரோ ஒருவர் கையெழுத்துப் போட வேண்டியிருப்பதால் கேட்கப்படுபவை. அந்தக் கையெழுத்து எது என்று தெரிந்தால் என்ன எழுத வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

அடிப்படை இதுதான். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. நடைமுறைக்கு வந்தது 2014 ஏப்ரல் 1. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, கடந்த மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். லாப அளவு 5 கோடிதான் என்பதைக் கவனியுங்கள். பெயர் பெற்ற பெரிய கம்பெனிகளின் வாசலில் நூற்றுக்கணக்கான முன்மொழிவுகள் குவிந்திருக்கும்போது, பக்கத்துத் தொழிற்பேட்டையில் இருக்கும் நடுத்தர ஆலைக்கும் இந்தக் கடமை இருக்கலாம். செலவிட வேண்டிய தொகை 50 லட்சத்தைத் தாண்டாவிட்டால் தனிக் குழுகூட வேண்டாம், இயக்குநர் குழுவே முடிவெடுக்கும். சிறு அமைப்புக்கு இப்படிப்பட்ட கதவுதான் சீக்கிரம் திறக்கும்.

கம்பெனி இயங்கும் இடத்துக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இது கட்டாயமல்ல, வழிகாட்டுதல்தான் என்று கம்பெனி விவகார அமைச்சகம் பின்னர் விளக்கியது. ஆனாலும் உள்ளூர் அமைப்புக்கு இதைவிட வலுவான வாதம் கிடையாது. ஆலையிலிருந்து உங்கள் கிராமங்கள் எத்தனை கிலோமீட்டர் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள், ஒரு வரைபடத்தோடு. கம்பெனி தன் சிஎஸ்ஆர் கொள்கையையும் இயக்குநர் குழு ஒப்புக்கொண்ட திட்டங்களையும் இணையதளம் இருந்தால் அதில் வெளியிட்டாக வேண்டும். அதைப் படிக்காமல் முன்மொழிவு அனுப்பாதீர்கள். குடிநீரிலும் கல்வியிலும் மட்டும் செலவிடும் கம்பெனியிடம் முதியோர் இல்லத்துக்குக் கேட்டால், நல்ல வேலையாக இருந்தும் பதில் வராது.

இனி தகுதித் தாள்கள். டிரஸ்ட், சொசைட்டி, பிரிவு 8 கம்பெனி (லாப நோக்கமில்லாத கம்பெனி) எதுவானாலும் சரி. வருமான வரியில் 12ஏ பதிவு (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு தருவது), 80ஜி ஒப்புதல் (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை தருவது), கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் வழியாகக் கிடைக்கும் பதிவு எண், இதே மாதிரி வேலையில் மூன்று ஆண்டு அனுபவம், இவை வேண்டும். சிஎஸ்ஆர்-1 பதிவு 2021 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். அறங்காவலர் ஒருவரின் டிஜிட்டல் கையொப்பமும், தொழில் நடத்தும் பட்டயக் கணக்கர், கம்பெனிச் செயலர் அல்லது செலவுக் கணக்கர் ஒருவரின் சான்றும் இருந்தால் படிவம் ஏறிவிடும்.

பெரும்பாலும் சிக்குவது பெயரில். பத்திரத்தில் ஒரு எழுத்துக்கூட்டு, பான் அட்டையில் இன்னொன்று, வங்கிக் கணக்கில் "டிரஸ்ட்" என்ற சொல்லே இல்லை. இப்படி இருந்தால் எந்தச் சரிபார்ப்பும் நகராது. பான் திருத்தம், வங்கித் திருத்தம் இரண்டையும் முன்மொழிவு எழுதுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அடுத்தது, தற்காலிக 12ஏ பதிவின் காலம் முடிந்திருப்பது. அது மூன்று ஆண்டுக்குத்தான். முறையான பதிவுக்கு விண்ணப்பிக்கும் தேதியை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாமல் உங்கள் நாட்காட்டியில் எழுதி வையுங்கள். மூன்றாவது, பத்திரத்தின் நோக்கங்களில் அந்த வேலையே இல்லாமல் இருப்பது. கல்விக்காகப் பதிவு செய்த டிரஸ்ட் ஏரி தூர்வாரக் கேட்டால் சட்டப் பிரிவில் இருப்பவர் அங்கேயே நிறுத்திவிடுவார், அவர் நிறுத்துவதும் சரிதான்.

முன்மொழிவு எட்டுப் பக்கம் போதும். சிஎஸ்ஆர் பணத்தை எந்தெந்த வேலைகளுக்குச் செலவிடலாம் என்று பட்டியலிடும் சட்டத்தின் 7ஆம் அட்டவணையில், உங்கள் திட்டம் எந்த உருப்படியின் கீழ் வருகிறது என்பதை நீங்களே எழுதிக் கொடுங்கள், ஏனென்றால் கம்பெனி தன் அறிக்கையில் அதை நிரப்பியாக வேண்டும். பட்ஜெட்டில்தான் உண்மையான வேலை. மாலை நேரப் பயிற்சி மையங்கள் பத்து, மையத்துக்கு 30 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் மதிப்பூதியம் மாதம் 4,000 வீதம் பத்துப் பேருக்கு 11 மாதம்: 4,40,000. ஒருங்கிணைப்பாளர் மாதம் 18,000: ஆண்டுக்கு 2,16,000. அவர் பயணம் மாதம் 3,000: 36,000. பாடப் பொருள்கள் பிள்ளைக்கு 400: 1,20,000. தொடக்கத்திலும் முடிவிலும் வாசிப்புத் தேர்வு, பிள்ளைக்கு 30 வீதம் இரண்டு முறை: 18,000. பகுதி நேரக் கணக்கர் மாதம் 5,000: 60,000. தணிக்கை 15,000. மொத்தம் 9,05,000, பிள்ளைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 3,017 ரூபாய்.

இதில் "நிர்வாகம்" என்று ஒரு தலைப்பே இல்லை என்பதைப் பாருங்கள். ஒருங்கிணைப்பாளர் இந்த மையங்களைத்தான் பார்க்கிறார், கணக்கர் இந்தக் கணக்கைத்தான் எழுதுகிறார். அப்படியே பெயரிட்டு எழுதினால் அது திட்டச் செலவு. மொத்தமாக "நிர்வாகம் 15%" என்று போட்டால் கேள்வி வராமல் இருக்காது. உங்கள் அலுவலக வாடகையில் இந்தத் திட்டத்தின் பங்கு எவ்வளவு என்று கேட்க வேண்டுமானால் எந்த அடிப்படையில் பிரித்தீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். ஒரே ஆளின் முழுச் சம்பளத்தை இரண்டு கம்பெனிகளிடம் காட்டுவது மோசடி. தெரியாமல் நடந்தாலும் பெயர் திரும்பக் கிடைக்காது.

விண்ணப்பிக்கும் காலத்தை நிதியாண்டுதான் தீர்மானிக்கிறது. கம்பெனிக்கு ஆண்டுச் செயல்திட்டம் ஒன்று உண்டு. அது தயாராவதற்கு முன்பு, அதாவது ஜனவரி, பிப்ரவரியிலேயே பேச்சைத் தொடங்குவது நல்லது. மார்ச் மாதம் திடீரென்று "மீதி இருக்கிறது, வாங்கிக்கொள்கிறீர்களா?" என்று அழைப்பு வருவதும் உண்டு. அப்போது நிதானம் வேண்டும். பணம் உங்கள் கணக்குக்கு வந்துவிட்டாலே கம்பெனி செலவழித்ததாக ஆகாது, நீங்கள் முழுவதையும் பயன்படுத்தினால்தான் ஆகும். மார்ச் 31க்குள் செலவாகாது என்றால், ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டு நடக்கும் தொடர் திட்டமாக இயக்குநர் குழு அதை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அப்போது மீதித் தொகை நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்குக்குப் போகும், மூன்று நிதியாண்டுக்குள் செலவழிக்கலாம். தொடர் திட்டம் இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் 7ஆம் அட்டவணையில் சொல்லப்பட்ட அரசு நிதி ஒன்றுக்கு மாற்றியாக வேண்டும். பத்து நாளில் ஒன்பது லட்சத்துக்கு பில் தேடும் நிலைக்குச் சம்மதிக்காதீர்கள். இன்னொன்று, மூலதன நிதியாக, அதாவது கார்ப்பஸாகக் கேட்காதீர்கள். 2021 ஜனவரி 22 திருத்தத்துக்குப் பிறகு அது சிஎஸ்ஆர் செலவாக ஏற்கப்படுவதில்லை.

ஒப்பந்தத்தில் தவணை வரியை இரண்டு முறை படியுங்கள். "முதல் தவணை 40%, அது முழுவதும் செலவான பிறகு அடுத்தது" என்றிருந்தால், அறிக்கை போய் ஒப்புதல் வரும்வரை ஆசிரியர்களுக்குச் சம்பளம் இருக்காது. "75% செலவானதும் அடுத்த தவணைக்குக் கோரலாம்" என்று மாற்றச் சொல்லுங்கள். நியாயமான கோரிக்கை, எடுத்துச் சொன்னால் பலர் ஏற்றுக்கொள்கிறார்கள்.

பணம் எதற்குச் செலவானது என்று உங்கள் ஆடிட்டர் தரும் பயன்பாட்டுச் சான்றிதழ் ஏன் இவ்வளவு கறாராகக் கேட்கப்படுகிறது? கொடுத்த பணம் ஒப்புதல் பெற்ற நோக்கத்துக்கே செலவானது என்று கம்பெனியின் தலைமை நிதி அதிகாரி சான்று தர வேண்டும் என்பது விதி. அவர் பார்க்கப்போவது உங்கள் ஆடிட்டரின் சான்றிதழைத்தான். அது சிக்கலில்லாமல் இருக்க, தனிப் பேரேடு, முடிந்தால் தனி வங்கிக் கணக்கு. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வருமான வரிக் கணக்கில் அது அறச்செலவாக ஏற்கப்படாது. திட்டப் பணத்துக்கு வங்கி தரும் வட்டியும் திட்டத்துக்கே உரியது, அறிக்கையில் தனி வரியாகக் காட்டுங்கள். பட்ஜெட்டில் ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டி வந்தால், செலவழிப்பதற்கு முன் மின்னஞ்சலில் எழுத்து வடிவ ஒப்புதல் வாங்குங்கள். தொலைபேசியில் "சரி, பண்ணுங்க" என்று சொன்னவர் ஆண்டு முடிவதற்குள் வேறு பிரிவுக்கு மாறியிருப்பார்.

திட்டத்தால் என்ன மாறியது என்று ஆராயும் தாக்க மதிப்பீட்டைப் பற்றியும் ஒரு சொல். ஆண்டுக்குச் சராசரி 10 கோடி அல்லது அதற்கு மேல் சிஎஸ்ஆர் கடமை உள்ள கம்பெனிகள், 1 கோடிக்குக் குறையாத திட்டங்களுக்குத்தான் வெளி அமைப்பை வைத்து அதைச் செய்தாக வேண்டும். ஒன்பது லட்சத் திட்டத்துக்கு அது தேவையில்லை. தொடக்கத் தேர்வையும் முடிவுத் தேர்வையும் ஒரே வினாத்தாளால், ஒரே முறையில் நடத்தினாலே போதுமான சான்று கிடைக்கும்.

கட்டடம், குடிநீர் சுத்திகரிப்புக் கருவி போன்ற சொத்து உருவானால் அது கம்பெனியின் பெயரில் இருக்க முடியாது. சிஎஸ்ஆர் பதிவு எண் உள்ள அமைப்பு, பயனாளிகளின் சுயஉதவிக் குழு போன்ற கூட்டமைப்பு, அல்லது அரசு அமைப்பு வைத்துக்கொள்ளலாம். பள்ளியில் கருவி வைக்கும் முன்பே தலைமையாசிரியரிடமோ ஊராட்சியிடமோ ஏற்புக் கடிதம் வாங்குங்கள். வடிகட்டி மாற்றவும் மின்கட்டணம் கட்டவும் யார் பொறுப்பு, மாதம் எவ்வளவு ஆகும் என்பது அந்தக் கடிதத்திலேயே இருக்கட்டும். முதல் வடிகட்டி அடைத்துக்கொண்ட நாளோடு நின்றுபோன கருவிகளில் பலவற்றுக்கு அந்தக் கடிதம் எழுதப்படவே இல்லை.