எம்மி கணிப்பு: நாமினேஷனை எண்ணாதீர்கள், முதல் விருப்பத்தைத் தேடுங்கள்

ஜூலை நடுவில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதின் நாமினேஷன் பட்டியல் வந்ததும் பலரும் செய்யும் முதல் காரியம், எந்தத் தொடருக்கு எத்தனை என்று எண்ணுவது. அதிகம் வாங்கிய தொடருக்கே பரிசு என்று அன்றே எழுதியும் வைத்துவிடுவார்கள். 2025-இல் 27 நாமினேஷனோடு முதலிடத்தில் நின்றது 'செவரன்ஸ்'. 'தி பிட்' வாங்கியது 13. சிறந்த டிராமா தொடர் விருது போனது 'தி பிட்'டுக்கு. அதற்கு முந்தைய ஆண்டு 'தி பேர்' 23 நாமினேஷன் வாங்கியது. ஒரு காமெடித் தொடருக்கு அதுவரை கிடைக்காத எண்ணிக்கை. காமெடி விருதை எடுத்துப்போனது 'ஹாக்ஸ்'. 'ஷோகன்' போல 25 நாமினேஷனோடு முதலிடத்தில் இருந்து, 18 விருதையும் அள்ளும் ஆண்டுகளும் உண்டு. எண்ணிக்கை பொய் சொல்வதில்லை. ஆனால் அது எந்தக் கேள்விக்குப் பதில் என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

நாமினேஷன் சுற்றில் ஒரு வாக்காளர் ஒரே பிரிவில் பல பெயர்களைக் குறிக்கலாம். அங்கே கேள்வி, 'உங்களுக்கு எதெல்லாம் பிடித்தது?' இறுதிச் சுற்றில் ஒரே ஒரு பெயர்தான். அங்கே கேள்வி, 'எது மிகவும் பிடித்தது?' பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இரண்டாவது விருப்பமாக இருக்கும் தொடர் முதல் சுற்றில் ராஜா; இரண்டாம் சுற்றில் அதற்கு ஒரு ஓட்டுகூட விழாமல் போகலாம். கணிப்பவரின் வேலை எல்லாம் இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளப்பதுதான்.

முதலில் விதிகள். தகுதி ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. நாமினேஷன் ஓட்டு ஜூன் மாதம்; இறுதி ஓட்டு ஆகஸ்ட் பின்பாதியில் பத்து நாள் அளவுக்கு; விழா செப்டம்பரில். 2025-இல் ஆகஸ்ட் 18 முதல் 27 வரை ஓட்டு, செப்டம்பர் 14 விழா. எம்மி வழங்கும் டெலிவிஷன் அகாடமியின் உறுப்பினர்கள் 20,000-க்கும் மேல். சிறந்த தொடர் போன்ற பிரிவுகளுக்கு எல்லாரும் ஓட்டுப் போடலாம். நடிப்புக்கு நடிகர்கள், எழுத்துக்கு எழுத்தாளர்கள், இயக்கத்துக்கு இயக்குநர்கள். ஆக, ஒரே இரவில் நான்கைந்து வெவ்வேறு தேர்தல்கள் நடக்கின்றன. 'இந்தத் தொடர் அலை அடிக்கிறது' என்று சொல்லும்போது எந்தத் தேர்தலில் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

2015-க்கு முன்பு இறுதிச் சுற்றை முன்வந்து சேரும் சிறு நடுவர் குழுக்கள் தீர்மானித்தன. நடிகர் அனுப்பிய அந்த ஒரு எபிசோடைப் பார்த்துவிட்டு மதிப்பிடுவார்கள். அதனால் பழைய கணிப்பாளர்கள் 'எந்த எபிசோடை அனுப்பினார்' என்பதிலேயே பாதிக் கணக்கை முடித்துவிடுவார்கள். 2015-இல் இறுதி ஓட்டைத் தகுதியுள்ள எல்லா உறுப்பினர்களுக்கும் திறந்துவிட்டார்கள். இன்றும் எபிசோடை அனுப்புகிறார்கள், இன்றும் பார்த்துவிட்டுத்தான் ஓட்டுப் போட வேண்டும். ஆனால் ஆயிரக்கணக்கானோர் ஓட்டுப் போடும்போது ஒரு எபிசோடைவிட, தொடர் முழுவதும் ஏற்கெனவே மனதில் பதிந்திருக்கிறதா என்பதே கனமாக விழுகிறது. பழைய வழிகாட்டிகளில் இருக்கும் 'அழுகைக் காட்சி உள்ள எபிசோட் ஜெயிக்கும்' வகைச் சூத்திரங்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து இடங்களின் எண்ணிக்கை. டிராமா, காமெடி தொடர்களுக்கு 8 இடம். நடிப்பில் எத்தனை பேர் போட்டிக்கு மனுச் செய்தார்கள் என்பதைப் பொறுத்து மாறும்: 20 முதல் 80 மனு வரை 5 இடம், 160 வரை 6, 240 வரை 7, அதற்கும் மேல் 8. இது ஏன் முக்கியம்? ஓட்டு சமமாகச் சிதறினால் 8 பேர் உள்ள பிரிவில் 12.5 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டினாலே ஜெயித்துவிடலாம். 5 பேர் என்றால் 20 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். நடைமுறையில் அவ்வளவு சிதறாது. ஆனாலும் இடம் கூடக் கூட அதிர்ச்சி முடிவுக்கான வாசல் அகலமாகிறது. அதனால்தான் முதன்மை நடிகர் பிரிவைவிட, மனு அதிகம் வரும் துணை நடிகர் பிரிவில் நம்பிக்கையைக் குறைத்தே வைக்க வேண்டும்.

ஓட்டுப் பிரிவது பற்றி நிறையப் பேசுகிறார்கள், பாதி தவறாக. 2025-இல் டிராமா துணை நடிகை பிரிவின் ஏழு இடங்களில் நான்கு 'தி ஒயிட் லோட்டஸ்' மூன்றாம் சீசன் நடிகைகளுக்கு. அவர்களில் கேரி கூன் ஜெயிப்பார் என்றார்கள் பலரும். ஜெயித்தவர் 'தி பிட்'டின் கேத்தரின் லனாசா. உடனே 'ஓட்டுப் பிரிந்துவிட்டது' என்று விளக்கம் வந்தது. ஆனால் 'தி ஒயிட் லோட்டஸ்' முதல் சீசனுக்கு 2022-இல் ஏழில் ஐந்து இடம் கிடைத்தபோது ஜெனிஃபர் கூலிட்ஜ் ஜெயித்தார். இரண்டாம் சீசனுக்கும் ஐந்து பேர், மறுபடியும் அவரே. அப்போது ஓட்டு ஏன் பிரியவில்லை? தொடரைப் பார்த்தவர்கள் எல்லாரும் 'இதில் யார் நன்றாக நடித்தது' என்ற கேள்விக்கு ஒரே பெயரைச் சொன்னார்கள். மூன்றாம் சீசனில் அந்த ஒரே பெயர் இல்லை. ஒரே தொடரிலிருந்து பலர் வந்தால் சக நடிகர்களின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். தொடரின் ரசிகர்களிடம் ஒருமித்த பதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவரையே எழுதுங்கள். பதில் இரண்டாகப் பிரிந்தால் வெளியே இருந்து ஒருவரைத் தேடுங்கள்.

எழுத்திலும் இயக்கத்திலும் இதே விதி இன்னும் கூர்மையாக வேலை செய்கிறது, ஏனென்றால் அங்கே போட்டி போடுவது எபிசோடுகள். 2024-இல் 18 விருது வாங்கிய 'ஷோகன்' எழுத்தில் இரண்டு எபிசோடோடு வந்து 'ஸ்லோ ஹார்சஸ்' தொடரிடம் தோற்றது. இயக்கத்தில் ஒரே எபிசோடோடு வந்து ஜெயித்தது. 2025-இல் 'தி பிட்' எழுத்தில் இரண்டு, இயக்கத்தில் இரண்டு என்று நிறுத்தி இரண்டிலும் தோற்றது. எழுத்து 'ஆண்டோர்' தொடருக்கு, இயக்கம் 'ஸ்லோ ஹார்சஸ்' தொடருக்கு. இயக்கத்தில் 'செவரன்ஸ்' தொடரும் இரண்டு எபிசோடை நிறுத்தியிருந்தது. எதிர் உதாரணமும் உண்டு: 'சக்செஷன்' கடைசி சீசனுக்கு இயக்கத்தில் மூன்று நாமினேஷன், ஆனாலும் 'கானர்ஸ் வெட்டிங்' எபிசோட் ஜெயித்தது. அந்த ஒரு எபிசோடின் பெயரைத் தொடர் பார்த்த எல்லாரும் சொல்வார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி அதிகம் பேர் சறுக்கும் இடம், நாள்காட்டி. வாக்காளர் எந்த சீசனுக்கு ஓட்டுப் போடுகிறார் என்பது ஒன்று. ஓட்டுப் போடும் நேரத்தில் அவர் கண்முன்னே எந்த சீசன் ஓடுகிறது என்பது இன்னொன்று. 'தி பேர்' ஒவ்வொரு ஆண்டும் ஜூன் கடைசியில் வரும் தொடர். அதனால் ஒரு சீசன் தகுதி ஆண்டின் ஆரம்பத்திலேயே வந்து, ஓட்டுக்கு முன்பு ஓராண்டு காத்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் மதிப்பிட வேண்டியது இரண்டாம் சீசனை. ஆனால் அதற்குள் மூன்றாம் சீசன் வந்து, 'இது காமெடியே இல்லையே' என்ற முணுமுணுப்பும் வளர்ந்திருந்தது. 'ஹாக்ஸ்' மூன்றாம் சீசனோ மே மாதம்தான் வந்து முடிந்தது, சூடு ஆறவில்லை. 'தி பேர்' அந்த ஆண்டும் மொத்தம் 11 விருது வாங்கியது. முதன்மை விழாவில் அதன் நடிகர்கள் மூவர் மேடை ஏறினார்கள். கைநழுவியவற்றில் எல்லா உறுப்பினர்களும் ஓட்டுப் போடும் அந்தப் பெரிய பரிசும், எழுத்துப் பரிசும் இருந்தன. எழுத்தில் தோற்ற காமெடிக்குத் தொடர் விருது கிடைக்குமா என்று முன்கூட்டியே சந்தேகப்பட்டவர்கள் அன்று கொஞ்சம் குறைவாகவே அதிர்ந்தார்கள்.

குளிர்கால விருதுகளை எப்படிப் படிப்பது? கோல்டன் குளோப், கிரிட்டிக்ஸ் சாய்ஸ், திரை நடிகர் சங்கத்தின் எஸ்.ஏ.ஜி. (2026 முதல் அதன் பெயர் 'ஆக்டர் அவார்ட்ஸ்') எல்லாம் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டைக் கணக்கிடுபவை. ஆகவே ஜனவரியில் ஜெயிப்பவர்களில் பாதிப் பேர் முந்தைய செப்டம்பரிலேயே எம்மி போட்டியை முடித்தவர்கள். ஜோடி ஃபாஸ்டர் 2024 செப்டம்பரில் எம்மி வாங்கி, 2025 ஜனவரியில் அதே வேடத்துக்கு குளோப் வாங்கினார். அந்த குளோபை 2025 எம்மிக்கான தடயமாக எடுத்தால் கணக்கு மொத்தமும் கோணல். முதலில் தகுதி தேதியை வைத்து வடிகட்டுங்கள்: ஜூன் முதல் டிசம்பருக்குள் வந்த தொடர்களுக்கு மட்டுமே குளிர்கால விருதுகள் உதவும். 2025-இல் 'தி பிட்', 'செவரன்ஸ்', 'அடோலசென்ஸ்', 'தி ஸ்டூடியோ' நான்குமே ஜனவரியிலோ அதற்குப் பிறகோ வந்தவை; குளிர்காலம் அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படிப்பட்ட ஆண்டில் கோடையில் வரும் தொலைக்காட்சி விமர்சகர் சங்க விருது ஒரு சிறு வெளிச்சம். 2025 ஆகஸ்டில் ஆண்டின் சிறந்த நிகழ்ச்சியாக அவர்கள் தேர்ந்தெடுத்தது 'தி பிட்'. அவர்கள் விமர்சகர்கள், எம்மி வாக்காளர்கள் அல்ல என்பதை மறக்காமல் எடை போடுங்கள்.

எஸ்.ஏ.ஜி.யின் சாதகம், ஓட்டுப் போடுபவர்களும் நடிகர்கள். பாதகம், அங்கே தொலைக்காட்சிக்கு முதன்மை, துணை என்ற பிரிவினையே கிடையாது. ஜெசிகா கன்னிங் எம்மியில் துணை நடிகையாக ஜெயித்தவர், எஸ்.ஏ.ஜி.யில் எல்லாரோடும் ஒன்றாக நின்று ஜெயித்தார். அந்தப் பட்டியலில் ஒரு துணை நடிகர் உள்ளே வந்தாலே அது பெரிய பலம் என்று குறித்துக்கொள்ளுங்கள், ஜெயிக்கத் தேவையில்லை.

பிரிவு மாற்றமும் கவனிக்க வேண்டியது. 'ஷோகன்' லிமிடெட் சீரிஸாக, அதாவது ஒரே சீசனோடு முடியும் தொடராகத் தொடங்கி, அடுத்த சீசன்களுக்கான திட்டம் வந்ததும் டிராமாவுக்கு மாறியது. அந்த மாற்றம் இரண்டு பிரிவுகளின் கணிப்பையும் ஒரே நாளில் தலைகீழாக்கியது. உசோ அடூபா 'ஆரஞ்ச் இஸ் த நியூ பிளாக்' தொடரின் ஒரே வேடத்துக்கு ஓர் ஆண்டு காமெடியிலும் அடுத்த ஆண்டு டிராமாவிலும் எம்மி வாங்கியவர். மே மாதத்தில் எழுதிய கணிப்பை மனுப் பட்டியல் வந்ததும் பிரிவு வாரியாகச் சரிபார்த்துவிடுங்கள்.

அலை உண்டா இல்லையா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: எழுத்து, இயக்கம், நடிப்பு, படத்தொகுப்பு ஆகிய நான்கிலும் நாமினேஷன் இருக்கிறதா என்று பார்ப்பது. ஆடை, செட், காட்சி விளைவு மட்டும் குவித்த தொடரை அந்த எண்ணிக்கைக்காக மேலே ஏற்றாதீர்கள். 2020-இல் 'ஷிட்ஸ் க்ரீக்' காமெடியின் ஏழு முக்கியப் பிரிவுகளையும் (தொடர், எழுத்து, இயக்கம், நான்கு நடிப்புப் பிரிவுகள்) வாரியது, 2021-இல் 'தி க்ரௌன்' டிராமாவின் ஏழையும் வாரியது. அதைப் பார்த்துவிட்டு ஒவ்வோர் ஆண்டும் ஒரு தொடருக்கு ஏழையும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 2025 டிராமாவில் அந்த ஏழு நான்கு தொடர்களுக்குப் பிரிந்தது.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு, தொழில்நுட்பம், விருந்தினர் நடிப்பு போன்ற பிரிவுகளுக்கான கிரியேட்டிவ் ஆர்ட்ஸ் எம்மி. ஓட்டு அதற்குள் முடிந்துவிட்டதால் அந்த முடிவு யாரையும் மாற்றாது, ஆனால் பெட்டிக்குள் என்ன விழுந்திருக்கிறது என்பதைக் கொஞ்சம் காட்டும். முதலில் பார்க்க வேண்டியவை விருந்தினர் நடிகரும் நடிகர் தேர்வும் (காஸ்டிங்). 2025-இல் 'தி பிட்' இந்த இரண்டையும் வாங்கியபோதே பலர் தங்கள் பட்டியலைத் திருத்தினார்கள். ஆனால் 2024-இல் நடிகர் தேர்வை வாங்கிய 'தி பேர்' தொடர் விருதைத் தவறவிட்டது. ஆகவே இதை வைத்து ஒரு தொடரின் வாய்ப்பை ஐந்து முதல் பத்து சதவீதம் நகர்த்துங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

பேச்சு நிகழ்ச்சி, ரியாலிட்டி பிரிவுகளில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. போன ஆண்டு ஜெயித்தவரையே எழுதுங்கள். விதிவிலக்கு, செய்தி வெடிக்கும் ஆண்டு. 2025 ஜூலையில் ஸ்டீஃபன் கோல்பெர்ட்டின் இரவுப் பேச்சு நிகழ்ச்சி நிறுத்தப்படுவதாக அறிவிப்பு வந்தது, செப்டம்பரில் அதற்கே விருது.

பட்டியலை எழுதும்போது பெயரோடு சதவீதமும் எழுதுங்கள். மதிப்பெண் போட எளிய கணக்கு: உங்கள் சதவீதத்தைப் பின்னமாக்கி, ஜெயித்தால் 1-இலிருந்து கழித்து, தோற்றால் அப்படியே, வர்க்கம் எடுங்கள், குறைந்த எண்ணே நல்லது. 0.9 என்று எழுதியது ஜெயித்தால் 0.01, தோற்றால் 0.81. உண்மையில் 60 சதவீத வாய்ப்பே உள்ள ஒருவருக்கு 0.9 என்று எழுதினால் சராசரியாக 0.33 தண்டம் விழும், 0.6 என்றே எழுதினால் 0.24. பலரும் எதிர்பாராத ஜெஃப் ஹில்லர் 2025-இல் காமெடி துணை நடிகர் விருதை வாங்கிய இரவில், அந்தப் பிரிவில் வேறொரு பெயருக்கு 0.85 எழுதியவர்களின் தாள் முழுவதும் அந்த ஒரு வரியாலேயே கெட்டது. 0.4 எழுதியவர்களும் தோற்றார்கள், ஆனால் 0.16-ஓடு தப்பித்தார்கள்.