0413-உம் 04142-உம்

கடலூரிலிருந்து புதுச்சேரி சுமார் 22 கிலோமீட்டர்தான். காலையில் அங்கு வேலைக்குப் போய் மாலையில் திரும்புபவர்கள் எங்கள் தெருவிலேயே பலர் உண்டு. ஆனால் தொலைபேசியைப் பொறுத்தவரை பாண்டி நீண்டகாலம் வெளியூராகவே இருந்தது; பாண்டிக்கு ஊர்க் குறியீடு 0413, நமக்கு 04142. இந்த எண்கள் எப்படி வகுக்கப்பட்டன என்பதைப் பார்த்தால், இரண்டு ஊர்களும் வளர்ந்த விதம் ஓரளவு புரியும்.

இந்தியாவில் ஆபரேட்டரின் உதவியின்றி வெளியூருக்கு நேரடியாக எண்ணைச் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. வசதி, 1960-இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே தொடங்கியது. பின்னர் நாடு முழுவதும் 2,600-க்கும் மேற்பட்ட கட்டணப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, பெரும்பாலும் ஒரு தாலுகா அளவுக்கு ஒரு குறியீடு என்ற கணக்கில் எண்கள் தரப்பட்டன. விருத்தாசலத்துக்கு 04143, சிதம்பரத்துக்கு 04144, செஞ்சிக்கு 04145, விழுப்புரத்துக்கு 04146, திண்டிவனத்துக்கு 04147. 1993-இல் இரண்டாகப் பிரிந்த பழைய தென்னார்க்காடு மாவட்டம், தொலைபேசிக் குறியீடுகளில் இன்றும் ஒரே குடும்பமாக வரிசையில் நிற்கிறது.

முன்னால் உள்ள பூஜ்யத்தை விட்டுவிட்டால், குறியீடும் உள்ளூர் எண்ணும் சேர்ந்து பத்து இலக்கம் வர வேண்டும் என்பது விதி. சென்னைக்குக் குறியீடு இரண்டு இலக்கம், ஆகவே உள்ளூர் எண் எட்டு. புதுச்சேரிக்கு மூன்றும் ஏழும். கடலூருக்கு நான்கும் ஆறும். இது வெறும் கூட்டல் கணக்கு அன்று. பி.எஸ்.என்.எல். எண்கள் 2 என்று தொடங்குவதால், பாண்டியில் அதன்பின் மிஞ்சும் ஆறு இலக்கங்களில் பத்து லட்சம் எண்கள் வரை அமைக்கலாம். கடலூரில் மிஞ்சுவது ஐந்து இலக்கம், அதாவது ஒரு லட்சம். அதையும் கடலூர், பண்ருட்டி, நெய்வேலி மூன்றும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மாவட்டத் தலைநகர் என்ற பெருமை நமக்கு இருந்தாலும், எண்களை ஒதுக்கியவர்கள் எந்த ஊர் பெருகும் என்று எதிர்பார்த்தார்கள் என்பது இதிலிருந்தே தெரிகிறது. ஆறு இலக்கமாக இருந்த பாண்டி எண்களின் முன்னால் 2 சேர்ந்தபோது, கடைப் பலகைகளில் இடம் இல்லாமல், பழைய எண்ணுக்கும் குறியீட்டை அடுத்த சிறு கோட்டுக்கும் நடுவே ஒல்லியான ஒரு 2-ஐ வேறு நிறப் பெயிண்டில் நுழைத்திருந்தார்கள். அப்படி ஒன்றிரண்டு பலகைகளை நேரு வீதிப் பக்கம் வெகுகாலம் பார்த்திருக்கிறேன்.

குறியீட்டு எல்லை மாநில எல்லையை மதிப்பதில்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து கேபிள் எங்கே போகிறதோ, அங்கே குறியீடும் போகிறது. ஆரோவில்லும் கோட்டக்குப்பமும் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தும் அவற்றின் குறியீடு 0413. புதுச்சேரி நகரம் தன் எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வளர்ந்திருப்பதை, எந்த வரைபடத்தைக் காட்டிலும் இந்த எண் தெளிவாகச் சொல்கிறது. மறுபுறம், அதே யூனியன் பிரதேசத்தின் காரைக்காலுக்கு 04368. மாஹேக்குத் தலச்சேரியின் 0490. ஏனாமுக்குக் காக்கிநாடாவின் 0884. ஒரே முதலமைச்சர், நான்கு குறியீடுகள்!

இந்த எல்லையின் விலை என்ன என்பது எஸ்.டி.டி. பூத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். கண்ணாடிக் கதவுக்கு மேலே சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். பேச்சு நீள நீள, கண் அதில்தான் இருக்கும். இரவு நேரத்தில் கட்டணம் கால் பங்காகக் குறையும் என்பதால், திருப்பாப்புலியூர் பேருந்து நிலையத்தை ஒட்டிய பூத்துகளில் அப்போதுதான் கூட்டம் சேரும். 2000-களின் தொடக்கத்தில் அருகிலுள்ள ஊர்களுக்குப் பூஜ்யத்துக்குப் பதிலாக 95 போட்டுக் குறைந்த கட்டணத்தில் பேசும் முறை வந்தது. "பாண்டிதானே தம்பி? சைபர் வேணாம், தொண்ணூத்தஞ்சு போட்டு நாலு ஒண்ணு மூணு அடிங்க" என்று பூத் அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்துச் சொல்வார். பாண்டி உள்ளூராகிவிடவில்லை, ஆனாலும் வெளியூர் என்ற கூச்சம் கொஞ்சம் குறைந்தது.

சென்னைப் பக்கம் நடந்தது வேறு. காஞ்சிபுரம் 04112 ஆகவும் செங்கல்பட்டு 04114 ஆகவும் இருந்து, பின்னர் இரண்டும் 044-க்குள் வந்துவிட்டன. பெருநகரம் தன் சுற்றுவட்டாரத்தை எண்ணிலும் விழுங்கிக்கொண்டது. பாண்டிக்கு அந்தப் பசி இருந்திருந்தாலும், கடலூரை விழுங்குவது எளிதாக இருந்திராது என்பதே என் எண்ணம். 0413-இன் ஏழு இலக்கத்துக்குள் வர, ஆறு இலக்கமாக உள்ள ஒவ்வொரு கடலூர் எண்ணையும் மாற்றியாக வேண்டும். அதற்கான அவசரம் யாருக்கும் இருக்கவில்லை. 2006 மார்ச் 1 முதல் நாடு முழுவதும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்ற திட்டத்தை பி.எஸ்.என்.எல். கொண்டுவந்த பிறகு, குறியீட்டை மாற்றுவதால் மிச்சமாகக்கூடிய காசும் இல்லாமல் போனது. அதற்குள் எல்லார் சட்டைப் பையிலும் கைப்பேசி வந்துவிட்டது. அதன் பத்து இலக்கத்தில் பாண்டியும் தெரியாது, கடலூரும் தெரியாது.