பழைய ஆல்பத்துக்கு மார்க் போடும் முன்

"அந்தக் காலத்தில் பிரமாதம், இப்போது கேட்டால் சப்பென்று இருக்கிறது." பழைய ஆல்பங்களைப் பற்றி அடிக்கடி காதில் விழும் தீர்ப்பு இது. சொல்பவரிடம் நான் முதலில் கேட்பது, எந்தப் பிரதியைக் கேட்டீர்கள் என்பதுதான். ஒரே ஆல்பம் முதல் இசைத்தட்டில் ஒரு மாதிரி, 1980களின் சிடியில் ஒரு மாதிரி, ரீமாஸ்டரில் (பழைய பதிவைப் பின்னாளில் மறுபடி மெருகேற்றிய பிரதி) வேறு மாதிரி ஒலிக்கும். பாட்டு கிழடு தட்டிவிட்டதா, பிரதி மட்டமா என்று பிரிக்காமல் போடும் மார்க் செல்லாது.

ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வை எடுத்துக்கொள்வோம். 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாளில் பதிவானது. முதல் நாள் பதிவில் மாஸ்டர் டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியது. அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டியதும் முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் சற்று விரைந்து, சுருதி ஏறி ஒலித்தன. பக்கத்தில் ஓடிய மாற்று இயந்திரத்தின் டேப்பை வைத்து 1992இல்தான் திருத்தினார்கள். அதற்கு முந்தைய பிரதியோடு சேர்ந்து வாசித்துப் பார்த்தால் வாத்தியம் சுருதி சேராது. தவறு வாசிப்பவர் மேல் இல்லை.

அடுத்தது மோனோவா (எல்லா ஒலியும் ஒன்றாக) ஸ்டீரியோவா (இடம், வலம் என்று இரண்டாக) என்ற கேள்வி. பீட்டில்ஸின் 1963 முதல் ஆல்பம் இரண்டு ட்ராக்கில், அதாவது டேப்பின் இரண்டு தனித்தனித் தடங்களில் பதிவானது. மோனோவாகக் கலக்க வசதியாகப் பிரித்து வைத்ததை அப்படியே ஸ்டீரியோவாக்கியதால், ஹெட்ஃபோனில் ஒரு காதில் குரலும் மறு காதில் வாத்தியமும் கேட்கும். இதைக் கேட்டுவிட்டு "பழசு" என்பது அநியாயம். 1967இன் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' ஆல்பத்திலும் குழுவினர் கூடவே உட்கார்ந்து கவனித்தது மோனோ கலவையைத்தான். ஆக, 1968க்கு முந்தைய ராக் ஆல்பம் என்றால் மோனோவை முதலில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் கேளுங்கள், அந்தப் பிளவு பாதி மறைந்துவிடும்.

இனி, எல்லோரையும் ஏமாற்றுகிற விஷயம்: சத்தம். இரண்டு பிரதிகளை அடுத்தடுத்து ஓட்டினால், ஒரு டெசிபல் கூடுதலாக இருப்பதைக் காது "சத்தம் அதிகம்" என்று சொல்லாது; "தெளிவு அதிகம்" என்றுதான் சொல்லும். 1990களின் பிற்பகுதியிலிருந்து வந்த பல ரீமாஸ்டர்கள் இந்தப் பலவீனத்தில்தான் பிழைத்தன. ஆகவே ஒப்பிடும் முன் இரண்டு கோப்புகளின் சராசரி ஒலியளவையும் எல்யூஎஃப்எஸ் (காதுக்குப் படும் சத்தத்தை அளக்கும் அலகு) கணக்கில் அளந்துகொள்ள வேண்டும். இலவச மென்பொருள்களே இதைச் செய்யும். பழைய சிடி மைனஸ் 17, ரீமாஸ்டர் மைனஸ் 10 என்று வந்தால் ரீமாஸ்டரை 7 டெசிபல் குறைக்க வேண்டும். பழையதை ஏற்றாதீர்கள், அதன் உச்சங்கள் வெட்டுப்படும். சமப்படுத்திய பிறகு ட்ரம்ஸ் அடி எதில் துள்ளுகிறது, எதில் பொத்தென்று அமுங்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டு நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும்.

ஒலிச் சமன்பாட்டை ப்ளேயரிடமே விட்டுவிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாட்டுக்குப் பாட்டு சமன் செய்யும் அமைப்பு போட்டிருந்தால், மெல்லிய பாட்டும் ஆர்ப்பாட்டமான பாட்டும் ஒரே உயரத்துக்கு வந்து ஆல்பத்தின் ஏற்ற இறக்கமே போய்விடும். ஆல்பம் மொத்தத்துக்கும் சமன் செய்யும் அமைப்பு தனியாக இருக்கும், அதைப் போடுங்கள். பாட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஓடும் ஆல்பங்களில் எம்பி3 இன்னொரு தொல்லை: கோப்பின் தலையிலும் வாலிலும் சேரும் வெற்று மௌனம் நடுவில் விக்கலாகக் கேட்கும். பிங்க் ஃப்ளாய்டின் 1973 'டார்க் சைட் ஆஃப் த மூன்' போன்றவற்றை இடைவெளியின்றி ஓட்டத் தெரியாத ப்ளேயரில் கேட்பதைவிடக் கேட்காமலிருப்பதே மேல்.

ஆரம்பகால சிடிகள் சில காதைக் கீறும். அவற்றில் ஒரு பகுதி, ப்ரீ-எம்ஃபசிஸ் என்ற முறைப்படி உச்ச ஒலிகளை (ட்ரெபிள்) தூக்கிப் பதிந்தவை. சிடி ப்ளேயர் அதைத் தானாக இறக்கிவிடும். கணினியில் நகலெடுக்கும்போது பல மென்பொருள்கள் இறக்குவதில்லை.

பிரதி தேறிவிட்டால், பாட்டுகள். நான் எண்ணிக்கையில் கணக்குப் பார்ப்பதில்லை, நிமிடத்தில்தான் பார்ப்பேன். மூன்று முறை, வேறு வேறு நாளில், வரிசை மாற்றாமல், போனஸ் பாட்டுகளை நீக்கிவிட்டுக் கேட்க வேண்டும். மூன்று முறையும் தாண்டிப்போகத் தோன்றிய பாட்டின் நேரத்தைக் கழிக்க வேண்டும். மைக்கேல் ஜாக்சனின் 1982 'த்ரில்லர்' சுமார் 42 நிமிடம். 'த கேர்ள் இஸ் மைன்' என்ற 3 நிமிடம் 42 நொடியைக் கழித்தால் (நான் கழிப்பேன்) 91 சதவீதம் நிற்கிறது. 72 நிமிட சிடி கால ஆல்பத்தில் 20 நிமிடம் இட்டு நிரப்பியதாக இருந்தால் 72 சதவீதம்தான். எல்பி (இரண்டு பக்க இசைத்தட்டு) காலத்து ஆல்பங்கள் இதில் ஜெயிப்பதற்குக் காரணம் ஒன்று உண்டு. ஒரு பக்கத்தில் 20 நிமிடத்துக்கு மேல் ஏற்ற ஏற்ற, தட்டில் முள் ஓடும் வரிகள் நெருங்கி, ஒலியும் பேஸும் குறையும். 'த்ரில்லர்' கூட முதலில் அப்படி மெலிந்து ஒலித்து, பாட்டுகளைச் சுருக்கி மறுபடி கலந்த பிறகே வெளிவந்தது. வெட்டியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி நல்ல எடிட்டர்.

தட்டின் ஓரத்தில் முள்ளுக்குக் கீழே வரி நொடிக்குச் சுமார் 50 செ.மீ. ஓடும், மையத்துக்கு அருகில் 21 செ.மீ.தான். அதனால் உட்பகுதியில் உச்ச ஒலிகள் சிதறும், அடக்கமான பாட்டுகளைப் பக்கக் கடைசியில் வைப்பார்கள். இரண்டு பக்கங்களையும் ஒட்டிய சிடியில் ஆல்பம் நடுவில் காரணமில்லாமல் தொய்கிறது என்று தோன்றினால், அது பக்கம் முடிகிற இடமாக இருக்கலாம். அங்கே நிறுத்தி ஒரு நிமிடம் இடைவெளி விட்டுத் தொடருங்கள்.

1980களின் வெட்டுண்ட எதிரொலி ட்ரம்ஸுக்கும், 1983இல் வந்த டிஎக்ஸ்7 கீபோர்டின் கண்ணாடி மணி ஒலிக்கும் நான் மார்க் குறைப்பதில்லை. தேதி முத்திரை குத்தியிருப்பது குறையல்ல. அந்த ஒலியை எடுத்துவிட்டால் பாட்டில் ஒன்றும் மிஞ்சாது என்றால் மட்டும் குறைப்பேன்.

இப்படிப் பார்த்ததில் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' (1992க்குப் பிந்தையது) 10க்கு 10. ஃப்ளீட்வுட் மேக்கின் 1977 'ரூமர்ஸ்' 9. திரும்பத் திரும்ப ஓட்டி டேப் தேய்ந்து, தேயாத நகலோடு கையால் இணைத்து மீட்ட ஆல்பம் என்று கேட்டால் நம்ப முடியாது. 'த்ரில்லர்' எட்டரை.

மெட்டாலிகாவின் 1988 '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' பாட்டுக்கு 8, ஒலிக்கு 4. பேஸ் கிட்டார் இருக்கிறதா என்று தேட வேண்டும். 2018 ரீமாஸ்டரும் அதை மாற்றவில்லை; மாற்றவும் முடியாது. மாஸ்டரிங் என்பது கலந்து முடித்ததை மெருகேற்றுவது, கலவையிலேயே அமுக்கிவைத்த வாத்தியத்தை அது தனியே தூக்கித் தராது. ட்ராக்குகளைப் பிரித்து மறுபடி கலந்தால்தான் உண்டு. அதுவரை அந்த 4 அப்படியே இருக்கும்.