துணை வார்டனின் நாட்குறிப்பு: ஆகஸ்ட், செப்டம்பர் 2025

11 ஆகஸ்ட், திங்கள்

இன்று கல்லூரியில் போதைப்பொருள் ஒழிப்பு உறுதிமொழி. 2022 ஆகஸ்டில் மாநில அரசு ஆரம்பித்து வைத்தது, எங்கள் கல்லூரியும் விடாமல் எடுத்துக்கொண்டிருக்கிறது. பிரின்சிபால் ஒவ்வொரு வரியாக வாசிக்க, பையன்கள் கையை நீட்டியபடி திருப்பிச் சொன்னார்கள், பின்வரிசையில் பாதிப்பேர் வாயை மட்டும் அசைத்தார்கள். நான் மாணவர் விடுதியின் துணை வார்டன் என்பதால் என்னையும் ஒழிப்புக் குழுவில் போட்டிருக்கிறார்கள்.

மேடையில் தொங்கிய பேனரில் பெரிய ஊசி, பக்கத்தில் மண்டை ஓடு. எங்கள் விடுதியில் நான் ஊசியைப் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் குப்பைத் தொட்டியில் கிடப்பது குவார்ட்டர் பாட்டில், பியர் டின், தடை செய்யப்பட்ட கூல் லிப் புகையிலை டப்பா, எப்போதாவது பாதி கிழித்த வலி மாத்திரை அட்டை. உறுதிமொழி முடிந்து வெளியே வரும்போது ஒரு மூன்றாம் ஆண்டுப் பையனிடம் கேட்டேன், 'தம்பி, இதுல சரக்கும் சேர்த்தியா?' 'அது கவர்மெண்ட் கடையில விக்கிறதுங்க சார், அது எப்படி போதைப்பொருள் ஆகும்?' என்றான். பதில் சொல்ல எனக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது. 2003ல் இருந்து சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில், மாநிலம் முழுக்க நாலாயிரத்துச் சொச்சம் கடைகள். 21 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. முதலாம் ஆண்டுப் பையனுக்கு 18 வயது, அவனுக்கு வாங்கித் தர 21 முடிந்த சீனியர் ஒருவன் எப்போதும் இருக்கிறான்.

14 ஆகஸ்ட், வியாழன்

அறைச் சோதனை. இரண்டு பாட்டில், ஒரு டப்பா, ஒரு எலெக்ட்ரிக் கெட்டில். கெட்டிலுக்குத்தான் அதிகச் சத்தம் போட்டார் தலைமை வார்டன், கரண்ட் பில் அவர் கணக்கில் வருகிறதாம்.

சோதனை கடுமையானால் குடி குறையும் என்று குழுவில் எல்லோரும் நம்புகிறார்கள். நான் பார்ப்பது வேறு. போன வருடம் கெடுபிடி கூடியதும் பையன்கள் பாலக்காடு ரோட்டுப் பக்கம் வாடகை அறைகளுக்கும், அதற்கும் பின்னால் தென்னந்தோப்புக்கும் போனார்கள். கடை இரவு பத்து மணிக்கு மூடும், பத்துக்குள் வாங்கி வைத்துக்கொண்டு, தோப்பில் உட்கார்ந்து அவசரமாகக் குடித்துவிட்டு, மூன்று பேர் ஒரே பைக்கில் வந்து சுவர் ஏறிக் குதிக்கிறார்கள். அறையில் மெதுவாகக் குடித்தவன் தோப்பில் வேகமாகக் குடிக்கிறான், நடந்து போக வேண்டியவன் வண்டி ஓட்டுகிறான். சோதனை ரிஜிஸ்டரில் மட்டும் எண்ணிக்கை குறைந்திருக்கிறது, அதைக் காட்டி எங்கள் குழுவுக்கு ஒரு ஷீல்டு கூடக் கொடுத்தார்கள்.

கஞ்சா விஷயம் வேறு மாதிரி. ஆந்திர, ஒடிசா எல்லையில் இருந்து ரயிலில் வருவது, இங்கே சின்னப் பொட்டலமாகப் பிரிவது, இதெல்லாம் பேப்பரில் தினமும் வருகிறது. ஒரு பொட்டலம் பிடிபட்டாலும் கேஸ்தான், அதனால் பையன்கள் அதை விடுதிக்குள் கொண்டுவருவதே இல்லை.

23 ஆகஸ்ட், சனி (எழுதுவது ஞாயிறு மாலை)

ராத்திரி ஒன்றே முக்காலுக்கு வாட்ச்மேன் அண்ணன் போன். 'சாருங்க, மூணாவது மாடிக்கு வாங்க, ஒரு பையன் எழுந்திரிக்க மாட்டேங்கறான்.'

பிறந்தநாள் ட்ரீட். இரண்டாம் ஆண்டுப் பையன், வயது 19, அதுவரை பியர் தாண்டாதவன். யாரோ பந்தயம் கட்டியிருக்கிறார்கள், இரண்டு குவார்ட்டரை ராவாக, மதியத்தில் இருந்து சாப்பிடாத வயிற்றில், இருபது நிமிடத்துக்குள். அப்புறம் மட்டை. சுவர் தாண்டித் தூக்கி வந்திருக்கிறார்கள். முதலில் எலுமிச்சம்பழம், பிறகு மோர், பிறகு ஷவருக்கு அடியில் உட்காரவைத்து பச்சைத் தண்ணீர். எதற்கும் அசையாததால் மல்லாக்கப் படுக்கவைத்து, 'தூங்கி எழுந்தா சரியாயிடும்' என்று ஃபேனைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் போனபோது உதடு வெளுத்துப் போயிருந்தது, உடம்பு ஜில்லென்று, மூச்சு விட்டு விட்டு வந்தது. ஒருக்களித்துப் படுக்கவைத்து மேல்காலை மடக்கினேன், உடனே வாந்தி. மல்லாந்த நிலையிலேயே அது வந்திருந்தால் மூச்சுக்குழலுக்குள் போயிருக்கும். 108 வந்து சேர்ந்தது. ஆஸ்பத்திரியில் சர்க்கரை மிகவும் இறங்கியிருப்பதாகச் சொல்லி குளுக்கோஸ் ஏற்றினார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். காலை பதினொரு மணிக்குக் கண் திறந்து 'இன்டர்னல் எக்ஸாம் எப்ப சார்?' என்று கேட்டான்.

டியூட்டி டாக்டர் சின்ன வயசுப் பெண். மோர், எலுமிச்சை, காபி எதுவும் ரத்தத்தில் இருக்கும் ஆல்கஹாலைக் குறைக்காது என்றார், குளிர்ந்த தண்ணீர் உடம்புச் சூட்டை இன்னும் இறக்கும், மயக்கத்தில் இருப்பவன் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குப் போகலாம். குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றில் இருப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும், 'தூங்கட்டும்' என்று விடுகிற அந்த நேரம்தான் மோசமான நேரம் என்றார். இதை எந்த பேனரிலும் நான் பார்த்ததில்லை.

24 ஆகஸ்ட், ஞாயிறு, இரவு

தூக்கம் வராததால் கணக்குப் போட்டேன். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, லேபிளில் 42.8 சதவீதம், அப்படியானால் சுத்த ஆல்கஹால் கிட்டத்தட்ட 61 கிராம். இரண்டு குவார்ட்டர் 122 கிராம். கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏழில் இருந்து பத்து கிராம் வரைதான் கரைக்கும், ஆக பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. 'பியரெல்லாம் சரக்கா சார்' என்று கேட்கிறவர்களுக்கு: எட்டு சதவீத ஸ்ட்ராங் பியர் 650 மில்லி பாட்டில் ஒன்றில் 41 கிராம் இருக்கிறது.

நண்பர்கள் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று விசாரித்தேன். இரண்டு மணி நேரம். ஏன் என்று கேட்டதற்கு ஒருவன் நோட்டீஸ் போர்டில் இருந்த சுற்றறிக்கையைச் சொன்னான்: மது அருந்தியவரும் உடன் இருந்தவரும் இரண்டு வாரம் சஸ்பெண்ட், பெற்றோர் நேரில் வர வேண்டும். 'உடன் இருந்தவரும்'. பையன் செத்துவிடுவான் என்ற பயத்தை விட அப்பா வருவார் என்ற பயம் பெரிதாக இருந்திருக்கிறது. அதையும் மீறி வாட்ச்மேனை எழுப்பியவன் உடன் இருந்த அந்த ஐந்து பேரில் குடிக்காத ஒரே ஆள்.

26 ஆகஸ்ட், செவ்வாய்

ஒழுங்கு நடவடிக்கைக் குழு. ஆறு பேருக்கும் சஸ்பென்ஷன் என்று தட்டச்சு செய்தே வைத்திருந்தார்கள், வாட்ச்மேனை எழுப்பியவனுக்கும் சேர்த்து. எனக்குக் கோபம் வந்தது. அவனைத் தண்டித்தால் அடுத்த முறை ஒருவனும் போன் செய்ய மாட்டான் என்று சொன்னேன். மெக்கானிக்கல் துறைத் தலைவர் நல்ல மனுஷர், அவர் கேட்டதும் நியாயமான கேள்விதான்: 'போன் பண்ணா தப்பிச்சுக்கலாம்னு தெரிஞ்சா நல்லா குடிச்சுட்டு எல்லாரும் போன் பண்ண மாட்டானா?' மட்டையாகி ஆம்புலன்சில் ஏறுவதற்காக யாரும் குடிப்பதில்லை சார் என்றேன். பாதி ஒத்துக்கொண்டார்.

இது புது யோசனையும் இல்லை. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் 2002லேயே இப்படி ஒரு விதி கொண்டுவந்தது, ஆபத்தில் உதவி கேட்கிறவருக்கும் உதவி தேவைப்படுகிறவருக்கும் கல்லூரித் தண்டனை கிடையாது, பதிலுக்கு ஆலோசகரைப் பார்க்க வேண்டும். நம்முடைய சட்டமும் அவ்வளவு முரட்டுத்தனமானது இல்லை: 1985ஆம் வருடத்து போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு, பழக்கத்துக்கு அடிமையானவர் சிறிய அளவோடு பிடிபட்டாலும் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால் வழக்கில் இருந்து விலக்கு. கஞ்சாவுக்கே அந்தக் கதவு திறந்திருக்கிறது, நம் விடுதியில் ஒரு குவார்ட்டருக்கு இல்லையா என்று கேட்டேன். பிரின்சிபால் கண்ணாடியைத் துடைத்தார். முடிவு தள்ளிவைப்பு.

பையனின் அப்பா தாராபுரம் பக்கம், தறி ஓட்டுகிறவர். மகனை அடிப்பார் என்று பயந்தேன், ஓரமாக நின்று 'சாப்டியா சாமி?' என்று மட்டும் கேட்டார். அப்புறம் என்னிடம் வந்து, 'நானும் குடிக்கறவந்தானுங்க, நான் என்னத்தச் சொல்றதுங்க' என்றார்.

2 செப்டம்பர், செவ்வாய்

கதை பரவியதும் வேறு ஒருவன் தேடி வந்தான். இறுதியாண்டு, நன்றாகப் படிக்கிறவன். தினமும் கஞ்சா, ஒன்றரை வருடமாக. நிறுத்தினால் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, அறைத் தோழன் மேல் எரிந்து விழுகிறான். போலீஸ் அக்கா நம்பர் இருக்கிறது, ஆனால் போலீஸ் என்ற வார்த்தையைக் கேட்டாலே பயம் என்கிறான் (கோவையில் 2022ல் இருந்து கல்லூரிக்கு ஒரு பெண் காவலரைப் பொறுப்பாக வைத்திருக்கிறார்கள், மாணவிகளுக்கு நல்ல உதவி, ஆனால் இவனுக்கு அது கதவு இல்லை). நான் ஆலோசகர் இல்லை. போதை மீட்பு உதவிக்கான 14446 எண்ணையும் மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416 எண்ணையும் எழுதிக் கொடுத்து, என் அறையிலேயே பேசவிட்டு, நான் வெளியே போய் நின்றேன். அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு வெள்ளிக்கிழமைக்குப் பிறகு போவதாகச் சொல்லியிருக்கிறான். போவானா தெரியாது.

9 செப்டம்பர், செவ்வாய்

பாதி வெற்றி. வாட்ச்மேனை எழுப்பியவனுக்கு எதுவும் இல்லை. மட்டையானவனுக்கு சஸ்பென்ஷனுக்குப் பதில் ஆலோசகரோடு மூன்று சந்திப்பு. மற்ற நால்வருக்கும் ஒரு வாரம். இனிமேல் உதவி கேட்டால் தண்டனை இல்லை என்று பிரின்சிபால் வாய்மொழியாகச் சொல்லிவிட்டார், எழுத்தில் போட்டால் நிர்வாகம் என்ன சொல்லுமோ என்று தயங்குகிறார். வாய்மொழி மூன்றாவது மாடிக்கு ராத்திரி ஒரு மணிக்குப் போய்ச் சேராது, எனக்கு எழுத்தில் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதுவரை ஒரு பக்கத் தாள் நானே அடித்து மாடிப்படிகளில் ஒட்டினேன்: எழுப்பினால் எழவில்லையா, மூச்சு விட்டு விட்டு வருகிறதா, உடம்பு ஜில்லென்று இருக்கிறதா, ஒருக்களித்துப் படுக்கவை, தனியாக விடாதே, 108ஐக் கூப்பிடு, பிறகு என்னைக் கூப்பிடு. கீழே என் நம்பர். யாரோ பக்கத்தில் 'சைட் டிஷ் கிடைக்குமா சார்' என்று பேனாவால் எழுதியிருக்கிறார்கள், இருக்கட்டும், படித்திருக்கிறார்கள் அல்லவா.

வாட்ச்மேன் அண்ணன்தான் யாரும் கேட்காததைக் கேட்டார். 'ராத்திரி ஆம்புலன்ஸ் வந்தா உங்களைக் கேக்காம கேட்டைத் திறந்தேன்னு என் மேல ரிப்போர்ட் எழுதுவாங்களாங்க?' இப்போதைய விதிப்படி எழுதுவார்கள். உதவி கேட்டால் தண்டனை இல்லை என்பதை எழுத்தில் கேட்கும் மனுவை அந்த வரியையும் சேர்த்து மறுபடி அடித்திருக்கிறேன், பிரின்சிபால் வியாழக்கிழமை சென்னையில் இருந்து வருகிறார்.