ஜெபக் குறிப்பேடும் கணக்கு நோட்டும்

திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரங்களில், அதாவது ஒரு போதகரின் கீழுள்ள சபைத் தொகுதிகளில், சபை ஊழியம் என்றால் வெளியே இருப்பவர்களுக்குப் பிரசங்கமும் ஞானஸ்நானமும் கல்யாணமும்தான் கண்ணில் படும். உள்ளே வேலை பார்ப்பவர்களுக்கு இரண்டு நோட்டுகள்தான் நாளை ஓட்டுகின்றன. ஒன்று ஜெபக் குறிப்பேடு, மற்றது காணிக்கைக் கணக்கு. ஒரு சபை கர்த்தரை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பது ஞாயிறு ஆராதனையின் பாட்டுச் சத்தத்தைவிட இந்த இரண்டு நோட்டுகளில் சீக்கிரம் தெரியும். 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்ற சொல் எல்லாச் சபையிலும் புழங்குகிறது. அதைச் சொன்ன பிறகு நோட்டில் என்ன எழுதுகிறார்கள் என்பதில்தான் சபைக்குச் சபை வித்தியாசம்.

ஜெபக் குறிப்பேடு பல இடங்களில் பெயரும் வியாதியும் மட்டும் கொண்ட பட்டியலாக நின்றுவிடுகிறது. தேதி, பெயர், விண்ணப்பம், யார் போய்ப் பார்ப்பது, பிறகு என்ன ஆனது என்று ஐந்து கட்டங்களாவது வேண்டும். கடைசிக் கட்டம்தான் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். அது காலியாக இருந்தால் மூன்று மாதத்துக்கு முன்பே குணமாகி வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவருக்காகச் சபை இன்னும் ஜெபித்துக்கொண்டிருக்கும். ஸ்தோத்திரம் சொல்லவேண்டிய இடத்தில் விண்ணப்பத்தையே திரும்பத் திரும்ப வாசிக்கும் சபைக்கு, கேட்டது கிடைத்த கணக்கு ஒருநாளும் மனதில் ஏறாது. மாதத்தின் கடைசி வாரத்தில் ஜெபக்குழு உட்கார்ந்து அந்தக் கட்டத்தை நிரப்பினால் போதும், அரை மணி நேர வேலை. 'சுகம்', 'இன்னும் சிகிச்சையில்', 'மரித்தார்', 'தெரியவில்லை' என்று உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். 'தெரியவில்லை' அதிகமாக இருந்தால் வீடு சந்திப்பு நடக்கவில்லை என்று அர்த்தம்.

விண்ணப்பத்தை எழுதிக்கொள்ளும்போதே ஒன்று கேட்டுவிட வேண்டும்: "அக்கா, இதை ஆராதனையில வாசிக்கலாமா, ஜெபக்குழுவோட நிறுத்திக்கலாமா, இல்ல ஐயருக்கு மட்டும் தெரிஞ்சா போதுமா?" (ஐயர் என்றால் இங்கே சபைப் போதகர்.) மகளின் வரன், மகனின் குடி, மருமகள் பிறந்த வீட்டுக்குப் போனது, இதெல்லாம் ஒலிபெருக்கியில் போனால் ஜெபமும் ஊர்ப்பேச்சும் ஒன்றாகிவிடும். ஒரு தடவை அப்படி நடந்த வீட்டிலிருந்து அடுத்த விண்ணப்பம் வர வருடக்கணக்காகும். வாட்ஸ்அப் குழு வந்த பிறகு இந்தச் சிக்கல் கூடியிருக்கிறது. யாரோ அனுப்பிய ஸ்கேன் ரிப்போர்ட் படம் குழுவைத் தாண்டி எங்கெங்கோ போய்ச் சேர்கிறது. குழுவில் பெயரும் ஊரும் தவிர்த்து, 'நம் சபைச் சகோதரி ஒருவருக்கு நாளை அறுவை சிகிச்சை' என்று போட்டாலே ஜெபிப்பதற்குப் போதும்.

'கடன் பிரச்சினை' என்று மட்டும் எழுதிக்கொள்வதும் சரியில்லை. எவ்வளவு, யாரிடம், எந்தத் தேதிக்குள் என்று ஐயரோ பொருளாளரோ தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். கடவுளுக்கு விவரம் தெரியாது என்பதற்காக இல்லை. அந்தச் சுமையில் சபை தூக்கவேண்டிய பங்கு எது என்று சபைக்குத் தெரிய வேண்டுமே. கலாத்தியர் 6ஆம் அதிகாரத்தில் 'ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து' என்று 2ஆம் வசனம் சொல்கிறது. 'அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே' என்று 5ஆம் வசனம் சொல்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்த கமிட்டி, குழந்தையின் காலேஜ் ஃபீஸுக்கு ஒரு பகுதி கொடுக்கும். கல்யாண மண்டபத்து ஆடம்பரத்துக்கு வாங்கிய கடனுக்கு ஜெபமும் ஆலோசனையும் மட்டும் கொடுக்கும். இதில் கண்டிப்பு தேவை. எல்லாருக்கும் எல்லாம் கொடுத்தால் ஏழைகள் நிதி ஆடி மாதத்துக்குள் காலியாகிவிடும்.

ஆள் மாற்றி ஆள் இடைவிடாமல் ஜெபிக்கும் சங்கிலி ஜெபத்தை நடத்துவதிலும் ஒரு கைநுணுக்கம் இருக்கிறது. 24 மணி நேரத்தை அரை அரை மணியாகப் பிரித்தால் 48 பேர். பகல் நேரமும் இரவு 10 மணி வரையும் முதலில் நிரம்பிவிடும். அறுந்துபோவது எப்போதும் இரவு 2 மணியிலிருந்து 4 மணிக்குள். அந்த நேரத்துக்கு ஒருவரைப் போடாமல் இரண்டிரண்டு பேராகப் போட வேண்டும். முன்னவர் தன் நேரம் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். அலாரத்தை நம்பி விட்டால் 3 மணிக்கு ஆலயத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். விண்ணப்பத் தாளில் பத்துப் பன்னிரண்டு குறிப்புகளுக்கு மேல் வேண்டாம், நீளமானால் வாசிப்பதிலேயே அரை மணி போய்விடும். இந்த முறைக்கு முன்னோடி ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் இருந்த மொரேவியர்கள் என்ற கிறிஸ்தவச் சபையார். 1727 ஆகஸ்டில் 24 ஆண்களும் 24 பெண்களும் ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று பிரித்துக்கொண்டு தொடங்கியது நூறு வருடத்துக்கு மேல் நின்றது. அந்தச் சபையார் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து சேர்ந்தார்கள். அவ்வளவு காலம் அது நின்றதற்கு ஆவியின் எழுப்புதல் ஒரு காரணம். யாருக்கு எந்த மணி என்று பிரித்து வைத்திருந்தது இன்னொரு காரணம். முதலாவதைப் பற்றி நிறையப் பிரசங்கம் கேட்கலாம், இரண்டாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பணத்துக்கு வருவோம். மனிதரிடம் கேட்காமல் கடவுளிடம் மட்டும் கேட்பது என்ற வழிக்கு எல்லாரும் எடுத்துச் சொல்லும் பெயர் பிரிஸ்டலின் ஜார்ஜ் முல்லர் (1805–1898). ஆஷ்லி டவுனில் அவர் கட்டிய அநாதை இல்லங்கள் உட்பட, அவருடைய பராமரிப்பில் வளர்ந்த பிள்ளைகள் 10,024 பேர். நம் பக்கத்தில் 1901 முதல் டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் பணத்துக்காக யாரிடமும் கேட்பதில்லை என்ற ஒழுங்கையே வைத்திருந்தார். இவர்களைச் சுட்டிக்காட்டி 'கணக்கெல்லாம் எதற்கு, விசுவாசம் போதும்' என்று பேசுகிறவர்கள் முல்லரின் பாதியைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். வந்த சிறு சிறு காணிக்கையைக்கூட எழுதி வைத்து, ரசீது கொடுத்து, ஆண்டுதோறும் அறிக்கை அச்சிட்டவர் அவர். யாரிடமும் கேட்காத மனிதர் எல்லாரிடமும் கணக்கு ஒப்பித்தார். அப்போஸ்தலன் பவுலோ வேறு வழியில் போனார். எருசலேம் பரிசுத்தவான்களுக்காக, அதாவது அங்கிருந்த ஏழை விசுவாசிகளுக்காக, கொரிந்து சபையிடம் வெளிப்படையாகவே கேட்டார், அந்தப் பணத்தைக் கொண்டுபோவதில் யாரும் குறை சொல்லாதபடி தன்னோடு வேறு ஆட்களையும் சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8:18–21). கேட்கலாமா கூடாதா என்பதில் விசுவாசிகளுக்குள் இரண்டு வழி உண்டு. கணக்கு எழுதுவதில் ஒரு வழிதான்.

ஞாயிறு காணிக்கை எண்ணுவதற்கு உறவினர் அல்லாத இரண்டு பேர், ஆராதனை முடிந்த உடனே, ஆலயத்துக்குள்ளேயே. 500, 200, 100 என்று தாள் வாரியாக எழுதிய சீட்டில் இருவர் கையெழுத்து, மறுநாள் வங்கியில் கட்டிய சீட்டு அதோடு பின் செய்யப்பட வேண்டும். 'மொத்தம் இவ்வளவு' என்று மட்டும் எழுதினால் பிழை வந்தபோது எங்கே வந்தது என்று பார்க்க வழியில்லை. அப்போது சந்தேகம் ஆள்மேல் போகும். சபைகள் உடைவதற்கு உபதேசத்தைவிட இந்தச் சீட்டு அதிகக் காரணமாக இருந்திருக்கிறது என்றால் ஊழியத்தில் இருப்பவர்கள் யாரும் மறுக்கமாட்டார்கள்.

ஆலயக் கட்டுமானத்தில்தான் நம்பிக்கையும் துணிச்சலும் ஒன்றோடொன்று குழம்புகின்றன. அசனத்துக்கோ (சபையார் சேர்ந்து சாப்பிடும் விருந்து) அறுப்பின் பண்டிகைக்கோ கொஞ்சம் குறைந்தால் காணிக்கைப் பொருள் ஏலத்தில் ஒரு வெடைக்கோழி நாலாயிரம் ரூபாய்க்குப் போய்ச் சரிக்கட்டிவிடும். கட்டடம் அப்படி இல்லை. 'விசுவாசத்தோடு தொடங்குவோம்' என்று அஸ்திவாரம் போட்டு, தூண் எழுப்பி, பணம் தீர்ந்து நின்றுபோன ஆலயங்களைக் கடலோர ஊர்களில் பார்க்கலாம். உப்புக்காற்றில் தூண் கம்பிகள் துருவேறி, வேலை மறுபடி தொடங்கும்போது பொறியாளர் அவற்றை வெட்டச் சொல்வார். பிறகு கடன். நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். 10 லட்சத்துக்கு மாதம் 20,000 ரூபாய் வட்டி மட்டும். ஒரு நடுத்தரச் சபையின் வாரக் காணிக்கைகள் எல்லாம் அதற்கே போய்விடும், ஏழைகள் நிதியும் மிஷனரிக் காணிக்கையும்தான் முதலில் வெட்டுப்படும். கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று லூக்கா 14:28இல் சொன்னவர் இயேசுவே. வேலையை அஸ்திவாரம், சுவர், மேல்தளம் என்று பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் முழுப்பணம் கையில் வந்த பிறகு அதைத் தொடங்கலாம். மேல்தளத்துக்கு இது கட்டாயம், பாதியில் நிறுத்த முடியாத வேலை அது. காத்திருக்கும் இரண்டு வருடத்தில் சபை ஜெபிக்கவும் கொடுக்கவும் பழகியிருக்கும். வட்டிக்கு வாங்கிய சபைக்கு அந்தப் பழக்கம் கிடைப்பதில்லை, வசூல் செய்யத்தான் தெரியும்.

நம்பிப் பழகுவதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் பிடி அரிசி. உலையில் போடுமுன் ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டு வைப்பது. மிசோரமில் 1910இல் தொடங்கிய இந்தப் பழக்கம் அங்குள்ள பிரஸ்பிட்டேரியன் சபையின் வருமானத்தில் நிலையான ஒரு பங்காகிவிட்டது. நம் சபைகளில் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் நடத்துவது சின்ன அளவுதான். ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு பிடி 40 கிராம், நாளைக்கு இரண்டு பிடி, மாதத்துக்கு 2.4 கிலோ, 60 வீடு கொடுத்தால் 144 கிலோ. பத்து விதவைகள் வீட்டுக்குத் தலா 14 கிலோ. நடைமுறையில் கெடுவது கலப்பில்தான். ரேஷன் அரிசி, பொன்னி, பச்சரிசி எல்லாம் ஒரே சாக்கில் விழுந்தால் ஒன்று வேகும்போது இன்னொன்று குழைந்துவிடும். வாங்கும்போதே தனித்தனிச் சாக்கு வைக்க வேண்டும், வேப்பிலையைக் காயவைத்துப் போட வேண்டும், மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, வண்டு விழுந்துவிடும். (வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த உணவான மன்னா, மறுநாளைக்கு மிச்சம் வைத்தபோது பூச்சி பிடித்து நாறிய கதையைப் பண்டகசாலைச் சாவி வைத்திருப்பவருக்குத் தனியாக விளக்கத் தேவையில்லை.) வாங்குகிற வீட்டிலும் ஒரு பிடிப் பானை இருக்க வேண்டும் என்பது முக்கியம். வாங்குகிறவர் கொடுக்கவும் செய்தால் வாங்குவதில் கூச்சம் போய்விடும். பெயர்ப் பட்டியலை வாசிக்கவே கூடாது.

ஆஸ்பத்திரிச் சந்திப்பு ஐந்து நிமிடம். ஒரு சங்கீதம், சின்ன ஜெபம், கட்டிலில் உட்காராமல், கையைக் கழுவிக்கொண்டு. நோயாளியைவிடக் கூட இருப்பவரைத்தான் கவனிக்க வேண்டும். சாப்பிட்டாரா, இரவு மாற்று ஆள் இருக்கிறாரா என்று கேட்டால் அந்தச் சந்திப்பே ஜெபமாகிவிடும். யாக்கோபு 5:14 மூப்பர்களை வரவழைக்கச் சொல்கிறதே தவிர மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. காசநோய்க்குச் சாதாரணமாக ஆறு மாத மருந்து. இரண்டாம் மாதம் இருமல் நின்றதும் 'கர்த்தர் சுகம் தந்தார்' என்று சாட்சி சொல்லி மாத்திரையை விட்டால் நோய் திரும்ப வரும், மருந்துக்கு அடங்காத நோயாகவும் வரலாம். இன்சுலினும் அப்படியே. சாட்சி சொல்ல வருகிறவரிடம், "அண்ணாச்சி, மாத்திரை முடியட்டும், அப்புறம் சொல்லலாம்" என்று ஐயர் சொன்னால் அது அவிசுவாசம் இல்லை. எருசலேம் மதிலைக் கட்டியபோது எதிரிகள் மிரட்டினார்கள்; நெகேமியா தேவனை நோக்கி ஜெபம் பண்ணினார், ஜாமங்காக்கிறவர்களையும் (காவலாளர்களையும்) வைத்தார்.

கர்த்தரை நம்பி இருப்பது ஊழியர்களுக்கே கடினமான பாடம். வீடு வீடாகப் போய் மற்றவர்களுக்காக ஜெபிக்கிறவருக்கு, 'எனக்காக ஜெபியுங்கள்' என்று கேட்க வாய் வராது. ஐயரம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பது சபைக்குக் கடைசியாகத்தான் தெரியும். வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கள், தொலைபேசியைச் செயலரிடம் கொடுத்துவிட்டு ஓய்வெடுக்கிற ஊழியர்களை விரல்விட்டு எண்ணலாம். அவர்கள் இல்லாத நாளிலும் சபை நடக்கும் என்று அவர்களே நம்பாவிட்டால் சபையார் நம்புவது எப்படி?

ஜெபித்தும் மரித்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வீட்டில் 'விசுவாசக் குறைவு' என்ற பேச்சு ஒரு வார்த்தைகூட எழக் கூடாது, யார் எடுத்தாலும் மூப்பர் அங்கேயே நிறுத்த வேண்டும். துக்க வீட்டில் 23ஆம் சங்கீதமும் 121ஆம் சங்கீதமும் தவறாமல் வாசிக்கிறோம். 88ஆம் சங்கீதத்தை யாரும் எடுப்பதில்லை. ஆறுதல் இல்லாமல் இருளிலேயே முடிகிற சங்கீதம் அது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது, அழுது தீராதவர்களுக்கு அதுதான் பொருந்தும். அடக்கத்துக்கு ஊரே வரும், முதல் வாரம் சாப்பாடும் வரும். மூன்றாவது வாரத்திலிருந்து யாரும் வருவதில்லை, வீட்டின் சிக்கல்களோ அப்போதுதான் தொடங்கும். ஆகவே அடக்கப் பதிவேட்டில் எழுதும் அன்றே ஜெபக் குறிப்பேட்டிலும் மூன்றாம் வாரம், ஆறாம் வாரம், மூன்றாம் மாதம் என்று சந்திப்புத் தேதிகளையும் போகவேண்டிய ஆளின் பெயரையும் எழுதிவிட வேண்டும். 21 நாளுக்குள் மரணம் பதிவாகியிருக்கிறதா, வாரிசுச் சான்றுக்கு இ-சேவையில் மனு போட்டாயிற்றா, வங்கிக் கணக்கில் நாமினி யார் என்று முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டும். அந்த அம்மாவுக்கு எழுதத் தெரியாவிட்டால் வாலிபர் சங்கத்திலிருந்து ஒரு பையனைக் கூடவே அனுப்ப வேண்டும், ஆட்டோச் செலவு ஏழைகள் நிதியிலிருந்து, ரசீதோடு.