மூன்று மணி வெயிலில் ஒரு சதுக்கம்

தமிழ்நாட்டில் எந்தச் சிறு நகரத்தை எடுத்தாலும் பேருந்து நிலையத்தை ஒட்டியோ கடைவீதி முக்கிலோ இப்படி ஓர் இடம் இருக்கும். கம்பி வேலிக்குள் ஒரு சிலை. தண்ணீர் வற்றி, டீ கப்பும் வாழையிலையும் கிடக்கும் நீரூற்றுத் தொட்டி. உயர்கோபுர விளக்கு, ஒரு மூலையில் டிரான்ஸ்பார்மர், இன்னொரு மூலையில் ஆட்டோ ஸ்டாண்டு, எப்படியோ தப்பி நிற்கும் ஒரு வேப்பமரம். கட்டடக்கலை படிக்கும் மாணவர்களிடம் இதைக் கொடுத்து, ஒரு பருவத்துக்குள் இதற்கு உயிர் கொடுக்கும் வடிவமைப்பைக் கேட்பது வழக்கம். முதல் வாரத்திலேயே சுவரில் ஒட்டிய தாள்களில் புது நீரூற்று வந்துவிடும், வட்டப் பாதை வந்துவிடும், திறந்தவெளி அரங்கம் வந்துவிடும். இடம் ஏன் படுத்துப்போனது என்ற விசாரணை மட்டும் வராது.

பராமரிப்பு இல்லாத இடமும் ஆள் இல்லாத இடமும் ஒன்றல்ல. பாழடைந்தது என்று நாம் சொல்லும் சதுக்கத்தில் விடியற்காலை ஐந்து மணிக்குப் பூக்கூடைகள் இறங்கும். ஏழு மணிக்குக் கட்டட வேலைக்கு ஆள் கூப்பிடும் கூட்டம் நிற்கும். மாலையில் பேருந்துக்குக் காத்திருக்கும் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். மாணவர்களோ கல்லூரி வண்டியில் பதினொரு மணிக்கு வந்து, ஒரு மணிக்குச் சாப்பிடக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த இரண்டு மணி நேரம்தான் அங்கே யாருமே இல்லாத நேரம். 'மக்கள் பயன்படுத்துவதில்லை' என்று அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதப்படும் தவறு அங்கேதான் பிறக்கிறது.

ஆகவே முதல் வேலை எண்ணுவது. 40 மீட்டருக்கு 60 மீட்டர் இடம் என்று வைத்துக்கொண்டால் நான்கு பேர் போதும், ஆளுக்கு ஒரு மூலை. காலை ஆறு முதல் இரவு பத்து வரை, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரைபடத்தின் புதிய நகல் ஒன்றில் புள்ளி வைக்க வேண்டும். நிற்பவருக்கு ஒரு குறி, உட்கார்ந்தவருக்கு ஒன்று, படுத்திருப்பவருக்கு ஒன்று. ஆண், பெண், குழந்தை, முதியவர் என்று நிறம் பிரிக்க வேண்டும். ஒரு சாதாரண வேலை நாள், ஒரு ஞாயிறு, ஒரு சந்தை நாள், ஒரு முகூர்த்த நாள் என நான்கு நாள் எடுத்தால் இடத்தின் குணம் தெரிந்துவிடும். நான்கு நாளின் தாள்களையும் விளக்குப் பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் மூன்று மணிப் புள்ளிகள் எல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருக்கும். அது மரத்து நிழல், அல்லது கடைச் சாய்ப்பின் நிழல். பெண்களின் புள்ளிகள் ஓரத்திலேயே, வெளியேறும் வழிக்குப் பக்கத்திலேயே இருக்கும். இந்த இரண்டும் தெரிந்த பிறகுதான் பேனாவை எடுக்கலாம்.

அளவெடுப்பில் அவசரம் கூடாது. நாலு பக்கத்தையும் டேப்பால் அளந்துவிட்டு மூலைவிட்டம் எடுக்காமல் வருவது வழக்கமான குறை. மூலைவிட்டம் இல்லாத நாற்கரம் வரைபலகையில் எப்படி வேண்டுமானாலும் சாயும். 30 மீட்டர் டேப் நடுவில் தொய்ந்தால் நீளம் கூடிவிடும், நடுவில் ஒருவர் பிடிக்க வேண்டும். தரையின் உயர வேறுபாட்டை, அதாவது மட்டத்தை, எடுக்க ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் தொலைநோக்கியும் ஸ்டாஃப் என்ற நெட்டை அளவுகோலும் வைத்து ஐந்து மீட்டர் கட்டங்களாகப் பிரித்தால், இந்த இடத்துக்கு 9-க்கு 13 என்று 117 புள்ளிகள் வரும். தொடங்கிய பென்ச் மார்க்குக்கே, அதாவது உயரம் மாறாத குறிப்புப் புள்ளிக்கே, கடைசியில் திரும்பி வந்து கணக்கை முடிக்காவிட்டால், நடுவில் நேர்ந்த ஒரு தவறான வாசிப்பு யாருக்கும் தெரியாமலே வடிகால் வரைக்கும் போய்விடும். சாக்கடை மூடியைத் திறந்து உள்ளே குழாயின் அடிமட்டம் எவ்வளவு ஆழம் என்று பார்க்காத அளவெடுப்பு பாதி அளவெடுப்புதான். மேலே எவ்வளவு அழகாகச் சரிவு கொடுத்தாலும், குழாய் அதற்கு மேலே இருந்தால் தண்ணீர் போகாது.

அடுத்தது, யாருக்குச் சொந்தம் என்பது. நகர நில அளவைப் பதிவேட்டைப் பார்த்தால் ஒரே சதுக்கம் மூன்று நான்கு துண்டாக இருப்பது சாதாரணம். நடுப்பகுதி நகராட்சியின் கையில் இருக்கும், ஓரத்துச் சாலை நெடுஞ்சாலைத் துறையின் கையில், டிரான்ஸ்பார்மரும் கேபிள் பெட்டியும் மின்வாரியத்தின் கையில். சிலையைப் பார்த்துக்கொள்ள ஓர் அமைப்போ குழுவோ இருக்கும். பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் மாலை போட ஏணி வந்தாக வேண்டும், அதற்கு வழி விடாத வடிவமைப்பு அந்த ஒரு நாளில் உடைந்துபோகும். எந்தக் கல் யாருடைய செலவில் மாற்றப்படும் என்பதை நிறம் பிரித்துக் காட்டும் ஒரு வரைபடம், நூறு கணினிப் படங்களைவிட நகராட்சிப் பொறியாளரின் மேசையில் மதிப்புள்ளது.

நிழலில் கொஞ்சம் நிற்க வேண்டும். பாடநூல்களில் வரும் சதுக்கங்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுச் சதுக்கங்கள், அங்கே வெயில் விழும் இடத்தில்தான் ஆள் உட்காருவார். நமக்கு எல்லாம் தலைகீழ். சென்னையின் அட்சரேகை 13 பாகை. ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிப்பொழுதில் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. வடக்கு முகமாக இருந்தால் குளிர்ச்சி என்ற கணக்கு நமக்குக் கோடையில் பொய்த்துப்போகிறது. மே மாதத்தில் மாலை நான்கு மணிக்குச் சூரியன் தொடுவானுக்கு மேல் ஏறக்குறைய 34 பாகை உயரத்தில், மேற்கிலிருந்து சற்று வடக்கே இருக்கும். அப்போது ஆறு மீட்டர் மரத்தின் நிழல் ஏறக்குறைய ஒன்பது மீட்டர் நீண்டு, கிழக்கிலிருந்து சற்றுத் தெற்கே சாய்ந்து விழும். மாலை நான்கு மணிக்குத் திண்ணையில் நிழல் வேண்டுமானால் மரம் திண்ணைக்கு மேற்கே நிற்க வேண்டும். இந்தச் சின்னக் கணக்கைப் போடாமல், மரத்தடியிலேயே சுற்றிலும் இருக்கை வைத்துவிட்டு, மக்கள் ஏன் கிழக்கே நாலடி தள்ளித் தரையில் உட்காருகிறார்கள் என்று கேட்கிறோம்.

இருக்கும் மரத்தைச் சுற்றி மேடை கட்டுவது நம் ஊர்ப் பழக்கம். நல்ல பழக்கம், செய்யும் விதத்தில்தான் தவறு. அடிமரத்தை ஒட்டி மண்ணைக் கொட்டி உயர்த்திச் சிமெண்ட் பூசினால் வேருக்குக் காற்றும் நீரும் போகாது, பட்டை அழுகும், சில ஆண்டுகளில் கிளைகள் நுனியிலிருந்து காயத் தொடங்கும். அடிமரத்திலிருந்து சுற்றிலும் ஒரு மீட்டராவது மண்ணைப் பழைய மட்டத்திலேயே திறந்து விட்டு, மேடையைத் தள்ளிக் கட்ட வேண்டும். புதிதாக வைப்பதற்குப் புங்கமும் வேம்பும் பூவரசும் போதும். குழி 1.2 மீட்டர் நீளம், அகலம், ஆழம். கேபிள் போகும் தடத்தின்மேல் குழி விழுந்தால் அந்த மரம் முதல் பழுதுபார்ப்பிலேயே வெட்டப்படும்.

உட்காரும் நீளத்துக்கு ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. நியூயார்க் நகரம் 1975இல் திருத்திய விதியில், சதுக்கத்தின் 30 சதுர அடிக்கு ஓர் அடி நீள இருக்கை என்று வைத்தார்கள். நம் 2,400 சதுர மீட்டருக்கு அது 260 மீட்டருக்கு மேல் வரும். மலைப்பாகத் தோன்றும், ஆனால் பூச்செடிச் சுவர், படி, சிலையின் அடிப்பீடம் எல்லாமே 45 செ.மீ. உயரத்தில் இருந்தால் இருக்கைதான். இங்கே ஒரே திருத்தம், நிழலில் விழும் நீளத்தை மட்டும் எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் பெரும்பாலான மாணவர் வடிவமைப்புகள் கால்வாசிகூடத் தேறாது. முதியவர்களுக்காகச் சில இருக்கைகளுக்காவது சாய்மானமும் கைப்பிடியும் வேண்டும். கைப்பிடி இல்லாவிட்டால் அவர்களால் உட்கார முடியும், எழ முடியாது.

நம் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் இருந்தது. தலைச்சுமையை யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைத்து, மறுபடி தானே தூக்கிக்கொள்ளும் உயரத்தில் இரண்டு நிறுத்துக் கல்லும் ஒரு குறுக்குக் கல்லும். இன்றைக்கும் பேருந்திலிருந்து கூடையோடு இறங்கும் பெண்கள் அதே சிரமத்தில்தான் நிற்கிறார்கள். தோளுயரத்தில் ஒரு கல் பலகையை வரைபடத்தில் சேர்க்கும் மாணவர், இடத்தை உண்மையாகப் பார்த்தவர் என்று நம்பலாம்.

சுற்றுவேலி பற்றியும் சொல்ல வேண்டும். நியூயார்க்கின் பிரையன்ட் பூங்கா தெருமட்டத்துக்கு மேலே உயர்ந்து, வேலிக்கும் புதருக்கும் பின்னால் ஒளிந்திருந்தது. வெளியிலிருந்து உள்ளே தெரியாத இடத்தில் போதைப்பொருள் வியாபாரம்தான் தங்கியது. 1988இல் மூடி, நுழைவுகளை அகலப்படுத்தி, புதரை எடுத்து, நகர்த்தக்கூடிய நாற்காலிகளைப் போட்டு 1992இல் திறந்தபோது அதே பூங்காவில் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் உட்கார்ந்தது. நம் சதுக்கத்தின் கம்பி வேலியும் ஒற்றைக் கேட்டும் அதையேதான் செய்கின்றன. பூட்டும் சாவியும் யாரிடமோ இருக்கும், அவர் வராத நாளில் இடம் செத்துக் கிடக்கும். மூன்று பக்கம் திறந்து, வண்டி ஏறாதபடி ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதல் இடைவெளியில் கல் தூண் நட்டால் போதும், சக்கர நாற்காலியும் போகும். நடைபாதை விளிம்பு 15 செ.மீ.க்கு மேல் உயரக் கூடாது, தடையில்லாத அகலம் 1.8 மீட்டருக்குக் குறையக் கூடாது, சாய்தளம் 1:12, அதாவது ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். மூன்று படி, 45 செ.மீ. உயரம் என்றால் சாய்தளத்துக்கு 5.4 மீட்டர் நீளம் வேண்டும். இதைக் கடைசி வாரம் நினைவு வந்து செருகும்போது அது மரத்தின் வேரிலோ டிரான்ஸ்பார்மர் வேலியிலோ போய் முட்டும்.

மழைக்கணக்கு கடுமையானது. மணிக்கு 50 மி.மீ. வீதம் வடகிழக்குப் பருவமழை கொட்டினால் 2,400 சதுர மீட்டரில் 1,20,000 லிட்டர் விழும், நொடிக்கு 33 லிட்டர். முழுவதும் தளம் போட்டால் அவ்வளவும் வாய்க்காலுக்கு ஓடிவரும். தரைச் சரிவு நூற்றுக்கு ஒன்றுக்குக் குறைந்தால் தண்ணீர் தேங்கும். வடிகால் சல்லடையை முதலில் அடைப்பது இலை அல்ல, பூக்கட்டும் இடத்திலிருந்து வரும் காம்பும் வாழைநாரும்தான். சல்லடைக்கு முன்னால் கையால் அள்ளக்கூடிய ஒரு சிறு தொட்டி வேண்டும். பேவர் பிளாக் என்றால் நடக்கும் இடத்துக்கு 60 மி.மீ., வண்டி ஏறும் இடத்துக்கு 80. அடியில் 25 முதல் 40 மி.மீ. மணல் படுகை. ஓரத்தில் கான்கிரீட் விளிம்பு இல்லாவிட்டால் முதல் மழையில் மணல் நழுவி, கல் ஆடத் தொடங்கும். பளபளப்பான கிரானைட் வேண்டவே வேண்டாம், நனைந்தால் வழுக்கும், கருப்பென்றால் வெறுங்காலைச் சுடும்.

தள்ளுவண்டிகளை வடிவமைப்பிலிருந்து அழித்துவிடுவது மாணவர்கள் செய்வதில் மனத்தை மிகவும் வருத்துவது. படத்தில் இடம் சுத்தமாகத் தெரியும், உண்மையில் அந்த இடத்தை இரவு ஒன்பது மணி வரை பாதுகாப்பாக வைத்திருப்பதே அந்த வண்டிகளின் வெளிச்சம்தான். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் நகர விற்பனைக் குழுவில் பத்துக்கு நான்கு பங்குக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகளே இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே அவர்களிடம் பேசுவது சலுகை அல்ல, நடைமுறை. ஒரு வண்டி ஆறடிக்கு நாலடி. வாங்குபவர் நிற்க இடம் சேர்த்து மூன்று மீட்டருக்கு இரண்டரை மீட்டர் ஒதுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு குழாய், கழிவுநீர் போக ஒரு வழி, இளநீர் மட்டை போட ஓர் இடம்.

பேசுவதிலும் ஒரு முறை இருக்கிறது. 'உங்களுக்கு என்ன வேணும்?' என்று கேட்டால் பார்க் வேணும், நீரூற்று வேணும் என்று எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். 'நேத்து சாயங்காலம் மழை வந்தப்ப எங்கக்கா நின்னீங்க? கூடைய எங்க வெச்சீங்க?' என்று கேட்டால் இடத்தின் குறை முழுவதும் வெளியே வரும். தாளில் வரைந்த தளப்படத்தை யாரும் படிக்க மாட்டார்கள். 1:100 அளவில் அட்டை மாதிரி செய்து டீக்கடை பெஞ்சில் வைத்தால், இந்த மரத்தை ஏன் இங்கே வைத்தாய் என்று கையாலேயே நகர்த்திக் காட்டுவார்கள்.

கட்டுவதற்கு முன் ஒரு வாரச் சோதனை செய்ய முடியும். நகராட்சி ஆணையரிடமும் போக்குவரத்துக் காவலரிடமும் எழுத்தில் அனுமதி வாங்கி, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, பந்தல் கடையில் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்கு எடுத்து, சவுக்குக் கம்பில் நிழல்வலை கட்டினால் போதும். தளத்தில் துளை போடாமல் மணல் நிரப்பிய டிரம்மில் கம்பை நிறுத்தலாம். வலையைச் சற்றுச் சரிவாக இழுத்துக் கட்டாவிட்டால் மழைநீர் நடுவில் தேங்கிக் கம்பைச் சாய்த்துவிடும். நாற்காலிகளை நேராக அடுக்கி வைத்துவிட்டு, அரைமணிக்கு ஒருமுறை அவை எங்கே நகர்ந்தன என்று குறித்தால் இருக்கைகளின் இடத்தை மக்களே வரைந்து கொடுத்துவிடுவார்கள். திறப்பு விழா, மேளம், பேனர் எதுவும் வைக்கக் கூடாது. விழாவுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து இடம் வெற்றி என்று முடிவு செய்தால் சோதனை வீண்.

மதிப்பீட்டில் பொதுப்பணித்துறை விலைப்பட்டியல்படி தொகை போடுவதைவிட, பராமரிப்புத் தாள் முக்கியம். சல்லடையை யார், வாரத்தில் எந்த நாள், எந்தக் கருவியால் சுத்தம் செய்வார்? கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கும்? இந்தக் கேள்வியில்தான் நீரூற்று தானாகவே வரைபடத்திலிருந்து விழுகிறது. பம்பு பழுதானால் தெளிந்த நீர் தேங்கும், தெளிந்த நீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும். வேலையைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். முதல் கட்டத்தில் வேலி எடுப்பது, இரண்டு சாய்தளம், நிழலில் ஆறு இருக்கை, ஒரு குழாய். பணம் அதோடு நின்றுபோனாலும் இடம் முன்பைவிட நன்றாக இருக்கும்.

ஓராண்டு கழித்து, அதே நான்கு வகை நாளில் அதே மூலைகளில் நின்று எண்ண வேண்டும். முதலில் எண்ணிய மாணவர்கள் அப்போது கல்லூரியில் இருக்க மாட்டார்கள். அதனால் எண்ணும் தாளின் மாதிரி, நின்ற இடங்களின் குறிப்பு, பென்ச் மார்க்கின் புகைப்படம் மூன்றையும் அடுத்த அணியிடம் ஒப்படைக்க வேண்டும். பென்ச் மார்க்கைச் சிலைப் பீடத்தில் பெயிண்டால் போடக் கூடாது, அடுத்த பிறந்தநாளுக்குப் பீடத்துக்குப் புதுச் சாயம் அடிப்பார்கள். மழைநீர் வாய்க்காலின் கல்விளிம்பில் உளியால் ஓர் அம்புக்குறி கொத்தி வைத்தால், மட்டம் எடுக்க வரும் அடுத்த அணிக்கு அது அங்கேயே இருக்கும்.