அம்பத்தூரில் இறங்காத நாள்

பெரம்பூரில் ஏறி அம்பத்தூரில் இறங்குவது எனக்கு 11 வருடப் பழக்கம். எலக்ட்ரிக் டிரெயினின் நெற்றியில் ஆவடி என்று இருந்தாலும் திருவள்ளூர் என்று இருந்தாலும் எனக்கு எல்லாம் ஒன்றுதான். வில்லிவாக்கத்தில் கூட்டம் ஏறும், கொரட்டூரில் கொஞ்சம் மூச்சு விடலாம், பட்டரவாக்கம் வந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் நகர வேண்டும். அதற்கு மேல் அந்த வண்டி எங்கே போகிறது என்று யோசித்ததே இல்லை.

போன வருடம் ஒரு அமாவாசை. எதிர் சீட்டில் ஒரு அம்மா, மடியில் நாலு வயதுப் பையன். அவன் நெஞ்சிலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம். இழுப்பு. எனக்குப் பழகிய சத்தம் அது. "திருவள்ளூருக்கு இன்னும் எத்தனை ஸ்டேஷன் அண்ணா?" என்று கேட்டார். நான் விரலை மடக்க ஆரம்பித்தேன்: திருமுல்லைவாயல், அன்னனூர், ஆவடி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை ரோடு, புட்லூர், திருவள்ளூர். ஒன்று விடாமல் வந்தது. ஆயா சொல்லிக் கொடுத்த வரிசை. எண்ணி முடித்தபோது அம்பத்தூர் வந்து, போயும் விட்டது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

ஆபீஸுக்குப் போன் செய்து உடம்பு சரியில்லை என்றேன். நோய் தீர்க்கும் பெருமாள் என்று பெயரெடுத்த திருவள்ளூர் வைத்திய வீரராகவரைப் பார்க்கப் போகிற வழியில் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான பொய் கிடைக்காது.

எனக்கு ஆறேழு வயதில் இதே பாதையில்தான் ஆயா அமாவாசைதோறும் அழைத்துப் போவாள். அப்போது வியாசர்பாடியில் இருந்தோம். தாத்தாவுக்கு ரயில் இன்ஜின் பட்டறையான லோகோ வொர்க்ஸில் வேலை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு இந்தத் தடத்தில்தான் ஓடியது என்று அவர் பெருமையாகச் சொல்வார், ஏதோ தானே ஓட்டிப் போன மாதிரி. ஆயாவுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. அவளுக்கு இந்தத் தடம் முழுக்க சாமிகள். திருமுல்லைவாயலில் வண்டி நின்றால் மாசிலாமணீஸ்வரருக்கு ஒரு கும்பிடு. திருநின்றவூரில் இரண்டு: பக்தவத்சலப் பெருமாளுக்கும் என்னைப் பெற்ற தாயாருக்கும் ஒன்று, மனசுக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலாருக்கு ஒன்று. புட்லூரில் அங்காள பரமேஸ்வரி. ஜன்னல் சீட் கிடைக்காவிட்டாலும் நின்றபடியே, யார் தோளிலாவது முட்டிக்கொண்டு, கும்பிட்டு விடுவாள்.

எனக்கு அந்தப் பயணத்தில் பக்தி எல்லாம் கிடையாது. எனக்கு வேண்டியது டிக்கெட். அப்போது கெட்டி அட்டையில் சின்னதாக இருக்கும். கவுன்டரில் இருப்பவர் அதை ஒரு இரும்பு மிஷினுக்குள் செருகினால் 'டக்' என்று தேதி விழும். அதைச் சேர்ப்பதுதான் என் பொழுதுபோக்கு. சிக்கல் என்னவென்றால், வெளியே போகும்போது கேட்டில் நிற்கிறவர் டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொள்வார். அதனால் திருவள்ளூர் நெருங்கியதும் நானும் கண்ணை மூடிக் கும்பிடுவேன், இன்றைக்கு டிக்கெட் கலெக்டர் கேட்டில் இருக்கக்கூடாது என்று. ஆயா அதைப் பார்த்து, பிள்ளைக்கு எவ்வளவு பக்தி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பெருமாள் நிறைய நாள் கேட்டுக்கொண்டார். பிஸ்கட் டப்பாவில் இன்றும் 43 அட்டைகள் இருக்கின்றன.

இந்த முறை என்னிடம் இருந்தது போனில் இருக்கும் சீசன் டிக்கெட், அதுவும் அம்பத்தூர் வரைக்கும்தான். ஆவடியில் இறங்கி, வரிசையில் நின்று, திருவள்ளூருக்குத் தாளில் ஒரு டிக்கெட் வாங்கி அடுத்த வண்டியில் ஏறினேன். அந்த அம்மாவையும் பையனையும் அதோடு விட்டுவிட்டேன்.

ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ. கோயில் வாசலில் அமாவாசைக் கூட்டம், முந்தின ராத்திரியே வந்து தங்கியவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். வரிசை நகர நகர ஆயா சொன்ன கதை ஞாபகம் வந்தது. சாலிஹோத்ர முனிவர் தவமிருந்து, நைவேத்தியம் செய்த மாவில் ஒரு பங்கை அதிதிக்கு வைத்துக் காத்திருக்கிறார். கிழவர் ஒருவர் வருகிறார். அவர் பங்கைச் சாப்பிட்டும் பசி அடங்காமல் முனிவரின் பங்கையும் சாப்பிட்டு முடித்து, களைப்பாக இருக்கிறது, படுக்க எவ்வுள் என்று கேட்கிறார். எந்த உள்ளில், அதாவது எந்த அறையில், படுப்பது என்று அர்த்தம். முனிவர் தன் குடிசையைக் காட்ட, படுத்தவர் பெருமாளாகக் காட்சி கொடுத்தார். ஊருக்குத் திருஎவ்வுள் என்று பெயர் வந்தது அப்படித்தான். திருமங்கையாழ்வாரும் 'எவ்வுள் கிடந்தானே' என்றுதான் பாசுரங்களை முடிக்கிறார். ஏழு வயதில் இந்தக் கதை எனக்குப் பெரிய வேடிக்கை. வியாசர்பாடியில் எங்களுக்கு இருந்ததே ஒரே ஒரு உள்தான், அதில் ஆறு பேர். எங்கள் வீட்டில் வந்து கேட்டிருந்தால் பெருமாள் வாசல் திண்ணையில்தான் படுத்திருக்க வேண்டும்.

சன்னதியில் நின்றது ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஆதிசேஷன் மேல் நீளமாகப் படுத்திருக்கிறார். வலது கை முனிவரின் தலை மேல். காய்ச்சல் அடிக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற மாதிரி எனக்கு எப்போதும் தோன்றும். சின்ன வயதில் ராத்திரி இழுப்பு வந்தால் ஆயா கையை அப்படித்தான் வைப்பாள், தூக்கத்திலேயே, கண்ணைத் திறக்காமல். அதற்குள் "நகருங்க, நகருங்க" என்றார்கள். நகர்ந்தேன். கனகவல்லித் தாயாரைச் சேவித்துவிட்டு வெளியே வந்தேன்.

அப்புறம் குளம். ஹிருத்தாபநாசினி, மனசின் தாபத்தைப் போக்குவது. இதில் வெல்லத்தைக் கரைத்தால், அது கரைவதுபோல் நோயும் கரையும் என்பது நம்பிக்கை. ஆயா என் கையில் நாலு துண்டு வெல்லம் கொடுத்துப் போடச் சொல்வாள். ஒரு அமாவாசைக்கு மூன்றைப் போட்டுவிட்டு, அவள் புடவையைப் பிழிந்துகொண்டிருந்த நேரத்தில் நாலாவதை வாயில் போட்டுக்கொண்டேன். என் இழுப்பு 15 வயது வரைக்கும் விடவில்லை. எத்தனை டாக்டர், எத்தனை கஷாயம். ஒவ்வொரு தடவையும் ஆயா, "வேண்டுதல்ல என்ன குறை வெச்சேன்னு தெரியலயே கண்ணு" என்று புலம்புவாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். கடைசி வரைக்கும் அவளிடம் சொல்லவில்லை.

படியோரம் ஒரு அம்மாவிடம் வெல்லம் வாங்கினேன். ரயிலில் பார்த்த பையன் இரண்டு படி கீழே, அவன் அம்மாவின் பிடியில், துண்டு துண்டாகப் போட்டுக்கொண்டிருந்தான். கடைசித் துண்டை வாய்க்குக் கொண்டுபோனவன் என்னைப் பார்த்ததும் கையை இறக்கினான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவன் பேருக்கு நாலு துண்டு போட்டேன். அப்புறம், பழைய பாக்கி ஒன்று.